60,000 செல்கள், 6 மனிதர்கள்

கேள்வி: கணினி அறிவியலில் எம்.டெக். முடித்துவிட்டு, ஒற்றைச் செல் தரவுப் பகுப்பாய்வில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். இது இரண்டாம் ஆண்டு. முடக்குவாத நோயாளிகள் 3 பேர், நோயற்றவர்கள் 3 பேர் ஆகியோரின் இரத்தத்திலிருந்து பெற்ற ஏறத்தாழ 60,000 செல்களின் ஆர்.என்.ஏ. தரவு என்னிடம் உள்ளது. ஒத்த செல்களைக் கொத்துகளாகப் பிரித்தபோது, நோயாளிகளிடம் மட்டும் ஒரு சிறு கொத்து தனியாகத் தெரிகிறது. அது புதிய செல் வகை என்று நெறியாளர் மகிழ்கிறார். கட்டுரை எழுதச் சொல்கிறார். கொத்துகளைப் பிரிக்கும் மென்பொருளின் அளவுருவைச் சற்று மாற்றினால் அந்தக் கொத்து கரைந்துவிடுவது எனக்கு உறுத்தலாக இருக்கிறது. ஆய்வகத்தில் திரவத்தை உறிஞ்சி எடுக்கும் பிப்பெட்டைக்கூடத் தொட்டறியாத நான் இதைச் சொல்லலாமா? பேசாமல் மென்பொருள் வேலைக்கே போய்விடலாமா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கோயம்புத்தூர்

பதில்: அன்புள்ள வாசகிக்கு, இந்தக் காரணத்துக்காக ஆய்வை விட்டுப் போக வேண்டாம். தனக்குச் சாதகமாக வந்த முடிவை நம்பாமல் அளவுருவை மாற்றிப் பார்த்தீர்களே, அந்தப் பழக்கம் உள்ளவர்கள்தான் இந்தத் துறைக்கு வேண்டும். உங்கள் உறுத்தல் நியாயமானது. அதைச் சோதனைகளாக மாற்றுவதே இனி உங்கள் வேலை.

அந்தக் கொத்தில் மேலோங்கி நிற்கும் மரபணுக்கள் எவை என்று நீங்கள் எழுதவில்லை. முதலில் பார்க்க வேண்டியது அந்தப் பட்டியலைத்தான். டி செல்லும் மோனோசைட்டும் வெவ்வேறு வெள்ளணு வகைகள். டி செல்லுக்குரிய சி.டி.3 மரபணுக்களும் மோனோசைட்டுக்குரிய லைசோசைம் மரபணுவும் ஒரே செல்லில் தென்பட்டால், செல்களை ஒவ்வொன்றாக அடைக்க வேண்டிய நுண்துளிகளில் ஒன்றுக்குள் இரண்டு செல்கள் சிக்கி, செல்லை அடையாளம் காட்டும் ஒரே பார்கோடைப் பெற்றிருக்கின்றன என்று ஐயப்பட வேண்டும். பரவலாகப் பயன்படும் நுண்துளிக் கருவிகளில் ஓர் ஓட்டத்தில் 10,000 செல்கள் வரை பெற முயன்றால் அவற்றில் ஏறத்தாழ 8 விழுக்காடு இப்படி இரட்டையாக அமைவது இயல்பே. அப்படிப் பார்த்தால் உங்கள் 60,000-இல் சில ஆயிரம் இரட்டைகள் இருக்க இடமுண்டு, ஒரு சிறு கொத்து உருவாக அது தாராளமாகப் போதும். மோனோசைட் மரபணுக்களோடு பிளேட்லெட்டுக்குரியவை கலந்திருந்தால் கதை வேறு: அழற்சி நோய்களில் பிளேட்லெட்டுகள் மோனோசைட்டுகளில் ஒட்டிக்கொள்வது மருத்துவர்கள் நெடுநாளாக அறிந்தது, அது புதிய செல் வகை ஆகாது என்றாலும் நோயைப் பற்றிய உண்மையான செய்தியாக இருக்கக்கூடும். செல் அதிர்வுக்குள்ளானதும் முதலில் இயங்கும் ஃபாஸ், ஜுன் போன்ற அவசரகால மரபணுக்கள் முன்னணியில் இருந்தால், இரத்தம் எடுத்ததற்கும் செல்களைப் பிரித்ததற்கும் இடையே எத்தனை மணி நேரம் கழிந்தது என்று விசாரியுங்கள். 2017-இல் எலியின் தசைத் தண்டுச் செல்களை ஆராய்ந்தவர்கள், திசுவை நொதியால் பிரிக்கும் செயலே செல்களில் ஒரு தனி உட்பிரிவைத் தோற்றுவித்துவிடுகிறது என்று காட்டினார்கள்.

இந்த விவரங்கள் கணினித் திரையில் கிடைக்கமாட்டா. ஆகவே அடுத்த முறை இரத்த மாதிரி வரும் நாளில் காலையிலிருந்தே ஆய்வகத்தில் இருங்கள். சுழற்றி எடுத்த குழாயின் நடுவே வெண்மையாகக் கலங்கி நிற்கும் வளையத்தைப் பிப்பெட்டால் உறிஞ்சி எடுப்பதையும், நீலச் சாயம் ஏறிய இறந்த செல்களை நுண்ணோக்கியில் எண்ணுவதையும், நுண்துளிக் கருவியின் சில்லிலுள்ள குழிகளில் எண்ணெயும் செல்களும் ஏற்றப்பட்டுப் பால்போல ஒரு குழம்பாக வெளிவருவதையும் நேரில் பாருங்கள். அந்தக் குழம்பில் செல் சிக்கிய ஒவ்வொரு நுண்துளியும்தான் உங்கள் அட்டவணையில் ஒரு செல்லாக வந்து சேர்கிறது. பிப்பெட்டைத் தொடாதது குறையன்று. மாதிரி எப்படி உருவாகிறது என்று தெரியாமலிருப்பதுதான் குறை, அது சில நாட்களில் தீரக்கூடியது. அப்போதே ஆய்வகக் குறிப்பேட்டைக் கேட்டு வாங்கி, எந்த மாதிரி எந்தத் தேதியில் யார் கையால் தயாரானது என்று ஓர் அட்டவணை போட்டுக்கொள்ளுங்கள். நோயாளிகள் மூவரும் ஒரு நாளிலும் மற்ற மூவரும் வேறொரு நாளிலும் தயாராகியிருந்தால், நோயின் விளைவையும் நாளின் விளைவையும் எந்த மென்பொருளாலும் பிரித்துச் சொல்ல முடியாது. நாளுக்கு நாள் வரும் வேறுபாட்டைக் கணக்கால் நீக்கும் பேட்ச் திருத்தம் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். திருத்தத்தோடு நோயின் சுவடும் சேர்ந்து போய்விடும்.

அடுத்து, எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் கருதுவது: உங்களிடம் செல்கள் 60,000 இருந்தாலும் மனிதர்கள் 6 பேர்தான். ஒருவருடைய பத்தாயிரம் செல்களும் ஒரே உடலில், ஒரே வயதில், ஒரே மருந்துகளுக்கு நடுவில் இருந்து ஒரே குழாய் வழியாக வந்தவை. அவை பத்தாயிரம் தனித்தனிச் சாட்சிகள் ஆகமாட்டா. செல் ஒவ்வொன்றையும் தனி மாதிரியாக எண்ணிச் சோதித்தால், வேறுபாடே இல்லாதபோதும் இப்படியொரு முடிவு தற்செயலாக வரும் வாய்ப்பைக் காட்டும் பி-மதிப்பு நம்ப முடியாத அளவுக்குச் சிறிதாக வரும். மனிதருக்கு மனிதர் உள்ள வேறுபாட்டைக் கணக்கில் கொள்ளாத முறைகள், மாற்றமே இல்லாத இடத்திலும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள் மாறியிருப்பதாகக் காட்டும் என்பதை 2021-இல் நேச்சர் கம்யூனிகேஷன்ஸ் இதழில் வந்த ஓர் ஒப்பீடு தெளிவாக நிறுவியது. ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு செல் வகையிலும் பதிவான ஆர்.என்.ஏ. எண்ணிக்கைகளை மரபணுவாரியாகக் கூட்டி, மூவருக்கு மூவர் என்று ஒப்பிடுங்கள். அந்தக் கொத்தின் செல்கள் மூன்று நோயாளிகளிடமிருந்தும் வருகின்றனவா, ஒருவரிடமிருந்து மட்டும் வருகின்றனவா என்பதையும் எண்ணிப் பாருங்கள். கொத்தைப் பிரிக்கப் பயன்பட்ட அதே தரவில் அதே மரபணுக்களைச் சோதித்துவிட்டு அவை வேறுபடுகின்றன என்று அறிவிப்பதும் செல்லாது. அந்த மரபணுக்கள் வேறுபடுவதாலேயே செல்கள் தனிக் கொத்தாகப் பிரிந்தன.

புதிய செல் வகை என்ற உரிமைகோரல் எப்படி நிலைத்தது என்பதற்கு அயனோசைட்டுகளின் வரலாறு நல்ல பாடம். 2018-இல் இரண்டு குழுக்கள் தனித்தனியே, மூச்சுக்குழாயின் உட்சுவரில் நூற்றில் ஒன்று என்ற அளவில்கூட இல்லாத ஒரு செல் வகையைக் கண்டன. நுரையீரலைப் பாதிக்கும் மரபு நோயான சிஸ்டிக் ஃபைப்ரோசிஸுக்குக் காரணமென 1989-இலேயே அறியப்பட்ட சி.எஃப்.டி.ஆர். மரபணு அந்தச் செல்களில் மிக அதிகமாக இயங்கியது. அவர்கள் செல்களைப் புள்ளிகளாக்கிக் கொத்துகளைக் காட்டும் யூமேப் படத்தோடு நிற்கவில்லை. சாயமேற்றிய திசுவில் அந்தச் செல்களைக் கண்ணால் கண்டார்கள். எலியில் கண்டதை மனிதரிலும் தேடினார்கள். அந்தச் செல் உருவாவதை இயக்கும் ஃபாக்ஸ்ஐ1 என்ற மரபணுவை நீக்கியும் தூண்டியும் பார்த்தார்கள். சி.எஃப்.டி.ஆர். பணியில் பெரும்பங்கு சுரப்புச் செல்களுடையது என்று 2021-இல் வேறொரு ஆய்வு வாதிட்டது. ஆனாலும் அயனோசைட் என்று ஒரு செல் உண்டு என்பதை அது அசைக்கவில்லை, ஏனெனில் அது வேறு வேறு வழிகளில் உறுதிசெய்யப்பட்டிருந்தது.

உங்கள் கொத்துக்கும் அத்தகைய வழிகள் உண்டு. ஆசியாவின் 5 நாடுகளைச் சேர்ந்த 619 நோயற்றவர்களின் இரத்தச் செல் தரவை 2025-இல் வெளியிட்டார்கள். அதில் இந்தியரும் உண்டு. அங்கே உங்கள் கொத்தின் சாயல் தென்படுகிறதா என்று தேடுங்கள். முடக்குவாத மூட்டுத் திசுவிலிருந்து 3 லட்சத்துக்கும் மேற்பட்ட செல்களைக் கொண்ட தொகுப்பும் 2023 முதல் கிடைக்கிறது. இரண்டிலும் சுவடு தெரிந்தால், மேற்பரப்புப் புரதங்கள் இரண்டு மூன்றைத் தேர்ந்தெடுத்து, புதிய நோயாளிகள் சிலரின் இரத்தத்தில் செல்களை ஒவ்வொன்றாக லேசர் ஒளியில் அளக்கும் ஃப்ளோ சைட்டோமெட்ரி செய்யச் சொல்லுங்கள். ஆர்.என்.ஏ. வரிசைப்படுத்தலுக்கு ஆகும் செலவில் சிறு பங்குதான் அதற்கு ஆகும். செல் ஒன்றா இரண்டா என்பதும் அதிலேயே பெருமளவு தெரிந்துவிடும்.

நெறியாளரிடம் ‘இது தவறு’ என்று தொடங்காதீர்கள். ‘ஐயா, கட்டுரை அனுப்பினால் மதிப்பீட்டாளர்கள் இந்த நான்கு கேள்விகளைக் கேட்பார்கள், மூன்றுக்கு விடை கொண்டுவந்திருக்கிறேன், நான்காவதற்கு மருத்துவமனையின் உதவி வேண்டும்’ என்று படங்களோடு போய் உட்காருங்கள். நல்ல நெறியாளர் இதை மறுக்கமாட்டார். அப்படியும் அவசரப்படுத்தினால், இன்னொரு வழி உண்டு: இளநிலை ஆய்வு உதவித்தொகையிலிருந்து முதுநிலைக்கு உயர்த்தும் மதிப்பீடு இரண்டாம் ஆண்டின் முடிவில்தான் நடக்கும். ஆய்வுக் குழு உறுப்பினர்கள் கூடும் அந்தக் கூட்டத்தில் உங்கள் சோதனைகளை எல்லாம் முன்வையுங்கள், குறிப்பாக அவர்களுள் ஒரு புள்ளியியலாளரோ நோயெதிர்ப்பியலாளரோ இருக்கும்படி இப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் கொத்து ஒட்டிய பிளேட்லெட்டுகளாகவே முடிந்தாலும், அதை எப்படிக் கண்டறிந்தீர்கள் என்பது உங்கள் ஆய்வேட்டில் ஒரு முழு இயலாக நிற்கும் தகுதியுடையது.