பால் கொடுக்கும்போது தாங்க முடியாத வலி. தானாகச் சரியாகும் என்று காத்திருக்கலாமா, தாய்ப்பால் ஆலோசகரைப் பார்க்க வேண்டுமா?

பிரசவமாகி 9 நாள் ஆகிறது, ஒவ்வொரு முறையும் உயிர் போகிற மாதிரி வலிக்கிறது, வீட்டில் "போகப் போகப் பழகிடும்" என்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். காத்திருக்காதீர்கள். இன்றைக்கே பாருங்கள், முடியாவிட்டால் நாளைக்கு. நான் 11 நாள் காத்திருந்தவள். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என் மகள் பிறந்தபோது ஆஸ்பத்திரியில் எல்லாரும் அன்பாகத்தான் இருந்தார்கள். நர்ஸ் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பார், "நல்லாத்தான் குடிக்குது" என்பார், அடுத்த அறைக்குப் போய்விடுவார். வீட்டுக்கு வந்தபின் அவள் அழுகைச் சத்தம் கேட்டாலே என் தோள் இறுகிவிடும். வாயை மார்பருகே கொண்டுவரும்போது கால் விரல்களை மடக்கி மூச்சைப் பிடித்துக்கொள்வேன். காம்பு வெடித்து ரத்தம் கசிந்தது. முக்கால் மணி நேரம் குடித்த பிள்ளையைக் கீழே விட்டதும் மறுபடி அழுவாள். எனக்குப் பாலே ஊறவில்லை என்று நானே முடிவு கட்டிவிட்டேன்.

12ஆம் நாள் ஆலோசகர் வீட்டுக்கு வந்தார். வந்தவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எப்பவும் எப்படிக் குடுப்பீங்களோ அப்படியே குடுங்க" என்று சொல்லிவிட்டு எதிரில் உட்கார்ந்துகொண்டார். குழந்தை வாயை எடுத்த அந்த நொடியில் அவர் பார்த்தது காம்பைத்தான். உருண்டையாக இல்லாமல் ஒரு பக்கம் சரிவாக நசுங்கி, புது லிப்ஸ்டிக்கின் நுனிபோல இருந்தது. "காம்பை மட்டும் கவ்வியிருக்கா. சுத்தி இருக்கிற கருவட்டமும் வாய்க்குள்ள போகணும்மா" என்றார்.

பிறகு குழந்தையைத் திருப்பி, அவள் வயிறு என் வயிற்றோடு ஒட்டும்படி அணைக்கச் சொன்னார். காது, தோள், இடுப்பு மூன்றும் ஒரே நேராக. தலையை அமுக்கியிருந்த என் கையை எடுத்துத் தோள்பட்டைகளுக்கு நடுவில் வைத்தார். காம்பு அவள் மூக்குக்கு நேராக இருக்கட்டும், மேலுதட்டை லேசாகத் தொட்டுவிட்டுக் காத்திருங்கள், கொட்டாவி விடுகிற மாதிரி வாய் திறந்ததும் சட்டென்று சேர்த்து அணையுங்கள், தாடைதான் முதலில் படவேண்டும் என்றார். மூன்று தடவை சரியாக அமையவில்லை. ஒவ்வொரு தடவையும் சுண்டுவிரலை அவள் வாயோரம் நுழைத்து மெதுவாக விடுவித்துவிட்டு மறுபடி முயன்றோம். நான்காவது தடவை, "க்... க்..." என்று விழுங்கும் சத்தம். 12 நாளில் அந்தச் சத்தத்தை நான் கேட்டதே அன்றுதான்.

ஆகவே நீங்கள் தேடவேண்டியது, ஒரு வேளை பால் கொடுப்பதைத் தொடக்கத்திலிருந்து முடிவுவரை உட்கார்ந்து பார்க்கிற ஆளை. பிரசவம் எப்படி நடந்தது, ரத்தப்போக்கு அதிகம் இருந்ததா, தைராய்டு உண்டா, மார்பில் அறுவை சிகிச்சை நடந்ததா, என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றெல்லாம் அவர் கேட்கவேண்டும். நாக்கின் அடிச்சவ்வு ஒட்டியிருக்கிறதா என்று குழந்தையின் வாய்க்குள் பார்க்கவேண்டும். தேவைப்பட்டால் பால் குடிக்குமுன்னும் பின்னும் அதே துணியோடு எடை போட்டுப் பார்ப்பார். இவற்றில் ஒன்றும் செய்யாமல் மாத்திரையோ பவுடரோ எழுதிக் கொடுப்பவரோடு நின்றுவிடாதீர்கள், இன்னொருவரைப் பாருங்கள்.

பிரசவம் நடந்த ஆஸ்பத்திரியிலேயே முதலில் கேளுங்கள். உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 1991இல் தொடங்கிய 'குழந்தை நேய மருத்துவமனை' திட்டத்தின் பத்துப் படிகளில் கடைசிப் படியே, வீட்டுக்குப் போன பின்னும் பெற்றோருக்கு உதவி தொடர்ந்து கிடைக்கச் செய்வதுதான். அதனால் கேட்கக் கூச்சமே வேண்டாம். வெளியில் தேடினால் ஐபிசிஎல்சி (IBCLC) என்ற தாய்ப்பால் ஆலோசகர் தகுதி இருக்கிறதா என்று பாருங்கள். 1985இல் அமைந்த சர்வதேச வாரியம் தேர்வு வைத்துத் தருவது, 5 வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டும். லா லெச்சே லீக் போன்ற தாய்மார் குழுக்களும் உண்டு. நடுராத்திரித் தனிமைக்கு அவர்கள் பேச்சு பெரிய துணை. ஆனால் உங்களுக்கு இருப்பதுபோன்ற வலியைப் பயிற்சி பெற்ற கண் நேரில் பார்ப்பது நல்லது. வீடியோ காலில் பிடிக்கும் விதத்தைத் திருத்தலாம், வாய்க்குள் விரல் வைத்துப் பார்க்க முடியாதே.

ஏன் அவசரப்படுத்துகிறேன் என்றால், முதல் சில நாட்களில் ஹார்மோன்களே பாலைச் சுரக்கவைத்துவிடும். அதன்பின் மார்பு எவ்வளவு காலியாகிறதோ அதைப் பொறுத்துத்தான் சுரப்பு. பிடிப்பு சரியில்லாவிட்டால் பால் உள்ளேயே தங்கும், இவ்வளவு தேவையில்லை என்று உடம்பு குறைத்துக்கொள்ளும். எனக்கு நடந்தது அதுதான். 5 நாள் பம்ப் செய்து, கூடவே கொஞ்சம் பவுடர் பாலும் கொடுத்துத்தான் சுரப்பை மீட்டோம். அந்தப் பவுடர் டப்பாவைப் பார்த்து நான் அழுதேன். நீங்கள் அழவேண்டாம், பிள்ளைக்குப் பசி அடங்கவேண்டும், அவ்வளவுதான்.

ஆலோசகர் வரும்வரை ஒரு நோட்டில் குறித்துவையுங்கள். 24 மணி நேரத்தில் 8 முதல் 12 முறை குடிக்கவேண்டும். 5ஆம் நாளுக்குப் பிறகு குறைந்தது 6 டயப்பராவது நன்றாக நனையவேண்டும், மலம் மஞ்சளாகியிருக்கவேண்டும். பிறந்த எடையை இரண்டு வாரத்துக்குள் எட்டியிருக்கவேண்டும். இதில் ஏதாவது குறைந்தாலோ, எழுப்பியும் எழாமல் துவண்டு கிடந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ, கண்ணும் உடம்பும் மஞ்சளாகிக்கொண்டே போனாலோ ஆலோசகருக்காகக் காத்திருக்காமல் நேரே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். உங்கள் மார்பில் ஓரிடம் சிவந்து சூடாகிக் காய்ச்சலும் வந்தால் உங்களுக்கும் டாக்டர் வேண்டும். பெரும்பாலும் அப்போதும் பால் கொடுப்பதை நிறுத்தத் தேவையிருக்காது.

உங்கள் கணவரையும் பக்கத்தில் உட்காரவையுங்கள். தூக்கமில்லாத தாய்க்குக் கேட்டதில் பாதிகூட ஞாபகம் இருக்காது. என் கணவர் ஆலோசகரிடம் அனுமதி கேட்டுப் போனில் வீடியோ எடுத்துவைத்தார். ராத்திரி மூன்று மணிக்கு அதைப் பார்த்துக்கொண்டே, "தலையை விடு, தோளைப் பிடி" என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தது அவர்தான். வலி அன்றைக்கே பாதியாகக் குறைந்தது, புண் ஆற ஒரு வாரம் பிடித்தது. அடுத்து மகன் பிறப்பதற்கு இரண்டு மாதம் முன்பே அந்த ஆலோசகரிடம் பேசிவைத்துவிட்டேன். அவன் பிறந்த மறுநாளே வந்து எதிரில் உட்கார்ந்தார்.