படிச்சதெல்லாம் எங்கே போச்சு, மிஸ்?

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டப் பிள்ளைகளும் ஓரிரு பெற்றோரும் ஞாபகசக்தியைப் பற்றிக் கேட்ட கேள்விகள் இவை. பதில் சொல்கிறவர் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் நடத்தி ஓய்வுபெற்ற ஆசிரியை.

கேள்வி (எட்டாம் வகுப்பு, பாப்பிரெட்டிப்பட்டி): மிஸ், ராத்திரி பாடத்தை மூணு தடவை படிச்சேன். எல்லாம் தெரிஞ்ச மாதிரிதான் இருந்துச்சு. காலையில் கேள்வித்தாளைப் பார்த்தால் ஒன்றும் வரவில்லை. படிச்சதெல்லாம் எங்கே போச்சு?

பதில்: எங்கேயும் போகவில்லை கண்ணு, சரியாக உள்ளே இறங்கவே இல்லை. மூன்றாம் தடவை படிக்கும்போது வரிகள் கண்ணுக்குப் பழகிவிடும். பழகியதைப் பார்த்ததும் ‘இது எனக்குத் தெரியும்’ என்று தோன்றிவிடும். ஆனால் பரீட்சையில் புத்தகம் எதிரே இருக்காது. பார்த்து அடையாளம் கண்டுகொள்வது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு.

2006இல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரண்டு உளவியலாளர்கள் கல்லூரி மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். சிலர் ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தார்கள். மற்றவர்கள் படித்துவிட்டு, பார்க்காமல், நினைவில் இருப்பதை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது திரும்பப் படித்தவர்கள்தான் அதிகம் சொன்னார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். நினைவிலிருந்து ஒன்றை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் அது இன்னும் அழுத்தமாகப் பதிகிறது. அதனால் ஒரு தடவை ஊன்றிப் படி, புத்தகத்தை மூடு, வெற்றுத்தாளில் எழுது, அப்புறம் திறந்து விட்டுப்போனதைப் பார். எழுதும்போது திணறும், எரிச்சலாக வரும். வரட்டும், அந்தத் திணறலில்தான் வேலை நடக்கிறது.

கேள்வி (ஐந்தாம் வகுப்பு, காவேரிப்பட்டணம்): மூளைக்குள்ளே பாடம் எழுத்தா இருக்குமா, படமா இருக்குமா?

பதில்: இரண்டும் இல்லை. உன் தலைக்குள் ஏறக்குறைய 8,600 கோடி நரம்பு செல்கள் இருக்கின்றன. ஒன்றுக்கும் அடுத்ததற்கும் நடுவில் மிகச் சின்ன இடைவெளி உண்டு. ஒரு செல் துடித்ததும் அந்த இடைவெளியில் ஒரு ரசாயனத்தை விடும். அடுத்த செல் அதை வாங்கிக்கொண்டு தானும் துடிக்கும். நீ ஒன்றைக் கற்கும்போது சில செல்கள் சேர்ந்து துடிக்கின்றன. அடிக்கடி சேர்ந்து துடித்தால் அவற்றுக்கு இடையிலான இணைப்பு பலப்படும், சில இடங்களில் புது இணைப்பே முளைக்கும். அந்த மாற்றம்தான் ஞாபகம்.

இதைக் கண்டுபிடிக்க உதவியது ஒரு கடல் நத்தை, தெரியுமா? அதற்கு நரம்பு செல்கள் சுமார் 20,000 தான், அதுவும் பெரிது பெரிதாக. எரிக் கேண்டல் என்பவர் அதை வைத்து ஆராய்ந்து, 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்கு பெற்றார். நத்தைக்கே பாடம் ஏறும்போது நமக்கு ஏறாதா என்ன!

கேள்வி (அதே மாணவன்): அப்போ நிறையப் படிச்சா மூளை நிறைஞ்சு போயிடுமா?

பதில்: போகாது. இந்தச் சாக்கு செல்லாது.

கேள்வி (ஒன்பதாம் வகுப்பு, கிருஷ்ணகிரி): சினிமாவில் தலையில் அடிபட்டால் எல்லாம் மறக்குது, இன்னொரு அடி பட்டதும் திரும்பி வருது. நிஜமா மிஸ்?

பதில்: இரண்டாவது அடி பட்டால் நிலைமை மோசமாகும், அவ்வளவுதான். நிஜத்தில் நடந்த கதை அதைவிட விசித்திரமானது. அமெரிக்காவில் ஹென்றி மொலைசன் என்ற இளைஞருக்குக் கடுமையான வலிப்பு நோய். 1953இல், 27 வயதில், மூளையின் இரு பக்கமும் உள்ளே இருக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் பெரும்பங்கை அறுவை சிகிச்சையில் எடுத்துவிட்டார்கள். வலிப்பு குறைந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்த எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. பேசிவிட்டு அறையை விட்டுப் போனவர் சற்று நேரத்தில் திரும்பி வந்தால், புது ஆளைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். சின்ன வயதில் நடந்ததையோ சொல்வார்.

உங்கள் ஊர் மாங்காய் மண்டியை நினைத்துக்கொள். வண்டி வண்டியாகக் காய் வருகிறது, தரம் பிரிக்கிறார்கள், வெவ்வேறு ஊருக்கு ஏற்றி அனுப்புகிறார்கள். மண்டியிலேயே யாரும் காயை வைத்துக்கொள்வதில்லை. ஹிப்போகாம்பஸ் செய்வதும் அதுதான். அன்றன்றைக்கு வருவதை வாங்கி, கொஞ்சம் கொஞ்சமாக மூளையின் மேற்பரப்புப் பகுதிகளில் பதிய வைக்கிறது. மண்டியை மூடிவிட்டால் ஏற்கெனவே ஊர் போய்ச் சேர்ந்த சரக்குக்குச் சேதமில்லை, புதுச் சரக்குக்குத்தான் வழியில்லை.

மொலைசன் 2008இல் இறந்தார். ஞாபகத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி அந்த ஒரு மனிதரின் பொறுமையால் கிடைத்தது.

கேள்வி (ஏழாம் வகுப்பு, பென்னாகரம்): எங்கப்பா ஒகேனக்கல்லில் பரிசல் ஓட்டுறார். சுழலில் எப்படித் திருப்புறீங்கன்னு கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியலை, ஆனால் கை தானாகச் செய்யுது. அது எப்படி?

பதில்: அருமையான கேள்வி. இதற்கும் மொலைசனிடமே பதில் இருக்கிறது. ப்ரெண்டா மில்னர் என்ற ஆய்வாளர் அவரிடம் ஒரு நட்சத்திரப் படத்தைக் கொடுத்து, கண்ணாடியில் மட்டும் பார்த்து அதன்மேல் கோடு போடச் சொன்னார். நீயும் செய்து பார், கை எதிர்ப்பக்கமாகவே போகும். மொலைசன் நாளுக்கு நாள் நன்றாகப் போட்டார். ஆனால் ஒவ்வொரு முறையும், ‘இதை நான் முன்பு செய்ததே இல்லை’ என்ற நினைப்பில்தான் இருந்தார்!

கைப்பழக்கத்துக்கு மூளையில் வேறு இடங்கள் உண்டு, முக்கியமாகப் பின்பக்கம் இருக்கும் சிறுமூளை. அங்கே பதிவது வார்த்தையாக இருக்காது, அதனால்தான் அப்பாவால் விளக்க முடியவில்லை. துடுப்பைப் பிடித்துப் பல வருடம் சுற்றினால்தான் அது வரும். புத்தகத்தில் படித்து வராது. கணக்கும் பாதி இந்த வகைதான். பலகையில் நான் போட்டதைப் பார்த்துத் தலையாட்டினால் போதாது, நீ போடணும்.

கேள்வி (தாய், தேன்கனிக்கோட்டை): வீட்டில் தெலுங்கு, பால்வாடியில் தமிழ், கடைத்தெருவில் கன்னடம். என் மகளுக்கு நாலு வயது, எல்லாவற்றையும் கலந்து பேசுகிறாள். குழம்பிப்போவாளா?

பதில்: மாட்டாள் அம்மா. கலந்து பேசுவது இந்த வயதில் சாதாரணம். எந்த வார்த்தை எந்த மொழி என்று பிள்ளைகள் தாங்களே பிரித்துக்கொள்வார்கள். ஆறு மாதக் குழந்தையால் உலக மொழிகள் பலவற்றின் ஒலி வேறுபாடுகளைப் பிரித்துக் கேட்க முடியும். ஒரு வயது நெருங்கும்போது, காதில் விழும் மொழிகளின் ஒலிகளில் மட்டும் அந்தத் திறமை கூர்மையாகும். உங்கள் மகளுக்கு மூன்று மொழியிலும் கூர்மையாகிறது. ஒரு மொழியை மட்டும் எண்ணினால் அவளுக்கு வார்த்தை குறைவாகத் தெரிகிற மாதிரி இருக்கும். மூன்றையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். யார் என்ன சொன்னாலும் வீட்டுத் தெலுங்கை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

கேள்வி (ஆறாம் வகுப்பு, காரிமங்கலம்): வெண்டைக்காய் சாப்பிட்டால் கணக்கு வருமா?

பதில்: கணக்குப் போட்டால் கணக்கு வரும். வெண்டைக்காய் நல்ல காய், சாப்பிடு. உண்மையில் படிப்பைக் கெடுப்பது இரும்புச்சத்துக் குறைவு. சோர்வு வரும், கவனம் நிற்காது. பள்ளியில் வாரம் ஒரு தடவை தருகிற இரும்புச்சத்து மாத்திரையைச் சன்னலுக்கு வெளியே எறியாமல் விழுங்கு. எறிகிறீர்கள் என்று எனக்குத் தெரியும்.

கேள்வி (பத்தாம் வகுப்பு, ஊத்தங்கரை): கூத்துக்காரர் விடிய விடியப் பாட்டும் வசனமும் மறக்காமல் சொல்றார். எனக்கு ஒரு செய்யுளே நிக்க மாட்டேங்குது.

பதில்: ஒரே நேரத்தில் மனதில் ஏந்தக்கூடியது ஏறக்குறைய ஏழு துண்டு என்று ஜார்ஜ் மில்லர் 1956இல் எழுதினார், பிறகு வந்தவர்கள் நான்குதான் என்கிறார்கள். துண்டு எவ்வளவு பெரியது என்பதில்தான் சூட்சுமம். தாளத்தில் வரும்போது ஒரு முழு அடியே ஒரு துண்டாகிவிடும், எதுகை மோனை அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கும், கதை அடுத்த பாட்டை இழுத்துவரும். அத்தோடு அவர் இரவெல்லாம் ஏடு பார்க்காமல் நினைவிலிருந்தே எடுக்கிறார், அதுவும் வருடக்கணக்காக. செய்யுளை ராகம் போட்டுச் சத்தமாகப் பாடு. வீட்டில் சிரித்தால் சிரிக்கட்டும்.

கேள்வி (பத்தாம் வகுப்பு, பாலக்கோடு): திங்கட்கிழமை அறிவியல் தேர்வு, இன்னைக்குப் புதன். ஞாயிறு ராத்திரி முழுக்க முழிச்சுப் படிக்கலாமா?

பதில்: வேண்டாம். பகலில் ஓடிய பாதையில் எந்த செல்கள் சேர்ந்து துடித்தனவோ, தூக்கத்திலும் அவை சேர்ந்து துடிப்பதை 1994இல் எலிகளிடம் பார்த்திருக்கிறார்கள். தூங்கும்போதுதான் மூளை பாடத்தைப் பதியவைக்கிறது. முழித்திருந்தால் அந்த வேலை கெடும். 1885லேயே எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், படித்ததில் பெரும்பகுதி முதல் நாளிலேயே மறந்துபோகும் என்று தன்னை வைத்தே அளந்து காட்டினார். இடைவெளி விட்டுப் படித்தால் நன்றாக நிற்கும் என்பதும் அவர் கண்டதுதான். அதனால் இன்றைக்கு இரண்டு பாடம் படி. வியாழன் அதைப் பார்க்காமல் எழுதிவிட்டு அடுத்த இரண்டு. சனிக்கிழமை எல்லாவற்றையும் கலந்து கேட்கச் சொல்லித் தங்கையிடம் புத்தகத்தைக் கொடு. ஞாயிறு தடுமாறியதை மட்டும் பார்த்துவிட்டு, ஒன்பதரைக்குப் படுத்துவிடு, செல்போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டு.