காலையில் கடல், மாலையில் கோட்டை: வாசகர் கேள்வி – பதில்

திருகோணமலையின் கோட்டைகள், தீவுகள், கடல்வாழ் உயிர்கள் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இவ்விதழில் பதில்.

வாசகி ஒருவர், வவுனியா: நாங்கள் ஆறு பேர். அம்மாவுக்கு 71 வயது, கடைசி மகளுக்கு 7. ஆவணி விடுமுறையில் மூன்று நாள் நிற்கலாம். கோட்டை, புறாத்தீவு, திமிங்கிலம் மூன்றையும் பார்க்க முடியுமா? எதை முதலில் வைப்பது?

முடியும். நீங்கள் தெரிவு செய்த மாதமும் நல்லது. ஐப்பசியிலிருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை எங்கள் கரையில்தான் இறங்கும். அப்போது கடல் கொந்தளிக்கும், தண்ணீர் கலங்கும். சித்திரை கடைசியிலிருந்து புரட்டாதி வரை கடல் அடங்கியிருக்கும்.

எந்த இடம் எந்த நாளில் என்பதைவிட, எந்த நேரத்தில் என்பதுதான் முக்கியம். விடியப்புறம் தொடங்கி பத்து மணிவரை கடல் அநேகமாகப் படுத்துக் கிடக்கும். பிறகு காற்று ஏறும், அலை உடையும், வெயில் சுடும். ஆகவே கடல் வேலை எல்லாம் காலையில், கோட்டை மாலையில். இதை மாற்றிப் போட்டுவிட்டு, "திருகோணமலையில் ஒன்றும் சரிவரவில்லை" என்று திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர்.

முதல்நாள் மதியத்துக்குள் வந்து சேருங்கள். நாலரைக்குப் பிறகு பிரடெரிக் கோட்டையும் கோணேசர் கோயிலும். இரண்டாம் நாள் விடியத் திமிங்கிலம். மூன்றாம் நாள் காலை புறாத்தீவு. திமிங்கிலத்தை முன்னுக்கு வைப்பதற்குக் காரணம் உண்டு. காற்று கூடினால் முதலில் நிறுத்தப்படுவது ஆழ்கடல் பயணம்தான். அப்படி நின்றால் அன்று பத்து மணிக்குள் கன்னியா வெந்நீர் ஊற்றுக்குப் போய்விட்டு, மறுநாள் காலை கடலை மீண்டும் பார்க்கலாம். கடைசி நாளுக்கு வைத்தால் அந்த வசதி இல்லை.

அம்மாவைத் திமிங்கிலப் படகில் ஏற்ற வேண்டாம். பெரும்பாலானவை சிறிய கண்ணாடியிழைப் படகுகள். வேகமாகப் போகையில் இருக்கை அடிக்கும் அடி முதுகெலும்புக்கு நல்லதல்ல. அம்மாவுக்கு வேறு வழி இருக்கிறது. மூன்றாவது பதிலில் சொல்கிறோம்.

வவுனியாவிலிருந்து ஹொரவப்பொத்தானை வழியாக வருவதென்றால் பகலில் வாருங்கள். மாலை மங்கியபின் அந்த வீதியில் யானை நிற்கும். ஒற்றையாக நிற்கும் யானையைக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல், வெளிச்சத்தைத் தாழ்த்தி, தூரத்திலேயே நிறுத்துங்கள். அது தானாக விலகும்வரை பொறுத்திருப்பதே வழி.

வாசகர் ஒருவர், மட்டக்களப்பு: எனக்கு நீந்தத் தெரியாது. புறாத்தீவில் முருகைக்கல்லையும் (பவளப்பாறை) சுறாவையும் பார்க்க முடியுமா? சுறா கடிக்காதா? கனடாவிலிருந்து அண்ணர் குடும்பமும் வருகிறது, செலவை எப்படிக் கணக்குப் போடுவது?

முதலில் செலவு. புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்கா. வனசீவராசிகள் திணைக்களத்தின் நுழைவுச்சீட்டை நிலாவெளிக் கரையில் எடுத்த பிறகுதான் படகு. சீட்டில் ஆளுக்கான கட்டணம், குழுவுக்கான சேவைக் கட்டணம், வரி என்று மூன்று சேரும்; படகுக் கூலி வேறு. குழுவுக்கான கட்டணமும் படகுக் கூலியும் தலைக்கு ஏறுவதில்லை என்பதால், இரண்டு பேராகப் போவதைவிட எட்டுப் பேராகப் போனால் ஆளுக்கு விழும் செலவு குறையும். வெளிநாட்டவருக்குக் கட்டணம் பல மடங்கு. அண்ணரிடம் இலங்கை அடையாள அட்டை இருந்தால் மறக்காமல் கொண்டுவரச் சொல்லுங்கள்; தமிழில் கதைப்பதை வைத்து உள்ளூர்ச் சீட்டுத் தரமாட்டார்கள். படகுக் கூலியை ஏறுமுன் பேசுங்கள்: போக வர இரண்டுக்கும் சேர்த்தா, தீவில் எத்தனை மணி நேரம் நிற்கலாம், மாஸ்க்கும் உயிர்காப்பு அங்கியும் அதற்குள் அடக்கமா என்ற மூன்றும் தெளிவாக வேண்டும்.

நிலாவெளியிலிருந்து ஏறக்குறைய ஒரு கிலோமீற்றர்தான், கால் மணிக்குள் இறங்கிவிடலாம். உப்புவெளியிலிருந்தும் படகு உண்டு. தூரம் கூட, கூலியும் கூட.

நீந்தத் தெரியாதவரும் பார்க்கலாம், ஆனால் அங்கி இறுக்கமாக இருக்க வேண்டும். தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். அங்கி காதுவரை ஏறினால் அது உங்களுக்குப் பெரிது. மாஸ்க்கைப் பட்டி போடாமல் முகத்தில் வைத்து மூக்கால் மூச்சை இழுங்கள். கையை விட்டபின்னும் ஒட்டிக்கொண்டு நின்றால் சரியான அளவு, விழுந்தால் வேறு கேளுங்கள். மீசை உள்ளவர்களுக்கு மேலுதட்டோரம் தண்ணீர் கசியும். அந்த இடத்தில் கொஞ்சம் வசலின் பூசினால் நிற்கும். கண்ணாடியில் ஆவி படியாமல் இருக்க உட்பக்கம் ஒரு துளி குழந்தைச் சம்பூவைத் தேய்த்து இலேசாக அலசுங்கள். இடுப்பளவுத் தண்ணீரில் மணலில் நின்றபடி முகத்தை மட்டும் அமிழ்த்தி, வாயால் மூச்சுவிட ஐந்து நிமிடம் பழகிய பிறகு மிதக்கத் தொடங்குங்கள். பதற்றம் வருவதெல்லாம் முதல் இரண்டு நிமிடத்தில்தான்.

ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: கச்சான் காற்று கரையிலிருந்து கடலுக்கு அடிப்பது. தண்ணீர் மட்டமாகத் தெரியும், ஆனால் அங்கியோடு மிதக்கிறவரை மெல்ல வெளியே தள்ளிக்கொண்டு போகும். நிமிடத்துக்கு ஒருதரம் தலையைத் தூக்கிக் கரையைப் பாருங்கள். வழிகாட்டியை விட்டு விலக வேண்டாம்.

அங்கே ஆழம் குறைந்த இடத்தில் சுற்றுவது முதுகுச் செட்டையின் நுனி கறுத்த சுறா. கூச்சம் பிடித்த உயிர், மனிதரைக் கண்டால் வளைந்து விலகும். துரத்தாதீர்கள், மீனோ பாணோ போட்டு அழைக்காதீர்கள். காயம் வரப்போவது பெரும்பாலும் சுறாவால் அல்ல. உடைந்த முருகைக்கல்லாலும் கடல்முள்ளியாலுந்தான். கால் ஊன்றுவது மணலில் மட்டும்.

அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. முருகைக்கல் கல்லல்ல, குண்டூசித் தலையளவு உயிர்கள் கூடிக் கட்டிய வீடு. உருண்டை வகை ஆண்டுக்கு ஒரு சென்ரிமீற்றர் வளர்ந்தாலே அதிகம். ஒருவர் இளைப்பாற ஏறி நின்றால் போவது அந்த உயிர்களின் பல ஆண்டு உழைப்பு. நிற்க அஞ்சித் துடுப்புச் செருப்பை வேகமாக அடித்தாலும் மணல் எழும்பி அவற்றின் வாயை மூடும். ஆகையால் புதியவர்களுக்குத் துடுப்புச் செருப்பு வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. சண்கிறீம் தண்ணீரில் கரைந்து அவற்றைத் தாக்கும். முழுக்கை ரி-சேர்ட் போட்டால் முதுகும் எரியாது, முருகைக்கல்லும் தப்பும்.

தீவில் நிழல் குறைவு. ஆளுக்கு ஒன்றரை லீற்றர் தண்ணீர், தொப்பி, நனைந்தால் பரவாயில்லாத செருப்பு போதும். பொலித்தீன் பைகளைக் கரையிலேயே தடுப்பார்கள். உணவை மூடியுள்ள பாத்திரத்தில் எடுங்கள். இறந்த முருகைக்கல் துண்டைக்கூடப் பையில் போடக்கூடாது, அது சட்டப்படி குற்றம். சனி, ஞாயிறு, போயா (முழுநிலா விடுமுறை) நாட்களைத் தவிருங்கள்.

மாணவர் ஒருவர், கல்முனை: திமிங்கிலம் ஏன் திருகோணமலையில் கரைக்கு இவ்வளவு கிட்ட வருகிறது? தூரத்தில் தெரிவது எந்த வகை என்று எப்படிப் பிரித்தறிவது?

இங்கே கடலடியில் ஆழமான ஒரு பள்ளத்தாக்கு துறைமுக வாயிலுக்குக் கிட்டவே தொடங்குகிறது. வேறு கரைகளில் பல கிலோமீற்றர் போய்த்தான் கிடைக்கும் ஆழம் இங்கே காலடியில். ஆழத்தில் இரை தேடும் திமிங்கிலத்துக்குக் கரை கிட்ட இருப்பது ஒரு பொருட்டில்லை.

முதலில் மூச்சைப் பாருங்கள். நீலத்திமிங்கிலத்தின் ஊற்று நேராக, ஒன்பது மீற்றர் வரை எழும். ஸ்பேர்ம் திமிங்கிலத்தின் மூச்சுத்துளை தலையின் முன்பக்கம் இடதோரத்தில் இருப்பதால், அதன் ஊற்று தாழ்வாக, முன்னோக்கி இடப்பக்கம் சாய்ந்து வரும். நீலம் சில தடவை மூச்செடுத்துவிட்டுப் பத்து நிமிடமளவில் மறைந்து திரும்பும். ஸ்பேர்ம் வாலைச் செங்குத்தாகத் தூக்கி அமிழ்ந்தால் முக்கால் மணி, சிலவேளை ஒரு மணிநேரம் காத்திருக்க வேண்டும். எது என்று தெரிந்தால், நிற்பதா வேறிடம் போவதா என்ற முடிவும் கிடைத்துவிடும்.

வவுனியா வாசகியின் அம்மாவுக்கான வழி இதுதான்: கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையிலிருந்தே அந்த ஊற்றைக் காணும் வாய்ப்பு உண்டு. வெயில் முதுகுக்குப் பின்னால் இருக்கும் மாலையில், காற்றில்லாத நாளில், தொலைநோக்கியோடு கிழக்கே அடிவானத்துக்குக் கீழே மெல்ல மெல்லத் துழாவ வேண்டும். வெள்ளைப் புகை போல ஒன்று எழும்பி ஐந்தாறு விநாடியில் கரையும். அலை நுரை அப்படி மேலே எழும்பாது. 8 மடங்கு பெருக்கும் தொலைநோக்கி போதும். படகில் 10 மடங்கைப் பிடித்தால் காட்சி ஆடிக்கொண்டே இருக்கும்.

படகில் போகிறவர்கள் ஓட்டியிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியது: 100 மீற்றருக்குள் நெருங்க வேண்டாம், முன்னால் குறுக்கே விட வேண்டாம், பக்கவாட்டில் அதே திசையில் மெதுவாகப் போங்கள், தாயையும் குட்டியையும் பிரிக்க வேண்டாம். துரத்தப்பட்ட திமிங்கிலம் மூச்சை முடிக்காமலே அமிழும். பிறகு யாருக்கும் காட்சி இல்லை. "கிட்டக் கொண்டுபோ, காசு கூடத் தருகிறோம்" என்று பயணிகள் கேட்பதால்தான் பல ஓட்டிகள் விதியை மீறுகிறார்கள். பொறுப்பு இரண்டு பக்கமும் உண்டு.

குமட்டல் வருகிறவர்கள் மருந்தாளரிடம் கேட்டு மாத்திரையைப் புறப்படக் குறைந்தது ஒரு மணிநேரம் முன்பே போட வேண்டும். படகு ஆடத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை. வெறுவயிறும் கூடாது, பால்தேநீரும் கூடாது. இரண்டு இடியப்பமோ வாழைப்பழமோ போதும். படகின் பின்பக்கம் இருந்து அடிவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

ஆசிரியை ஒருவர், யாழ்ப்பாணம்: தரம் 10 மாணவர்களைக் கூட்டிவருகிறேன். பிரடெரிக் கோட்டையில் குறிப்பாக எதைக் காட்ட வேண்டும்? ஒஸ்டன்பேர்க் கோட்டைக்கும் போகலாமா?

நுழைவாயிலிலேயே பாதிப் பாடம் இருக்கிறது. வாயிலுக்கு மேலே பிரித்தானிய அரச சின்னம். வாயிலின் கல்லிலே பாண்டியரின் இணைக்கயல் (இரட்டை மீன்) சின்னம், சிதைந்த ஒரு தமிழ்க் கல்வெட்டு. குளக்கோட்டன் என்ற மன்னன் செய்த கோயில் திருப்பணியைப் பறங்கி (போர்த்துக்கேயர்) பிரிப்பான் என்று சொல்லும் அந்தப் பாடலை உங்கள் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படித்திருக்கக்கூடும். கோணேசர் கோயிலை 1622இல் போர்த்துக்கேயர் இடித்து, 1624இல் அந்தக் கல்லைக் கொண்டே கோட்டை கட்டினார்கள். ஒரே சுவரில் இரண்டு வரலாறும் நிற்பதை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய இடம் இலங்கையில் அதிகமில்லை. பலர் வாகனத்திலேயே உள்ளே போய்விடுகிறார்கள். வாசலில் இறக்கி நடத்துங்கள்.

பிறகு கை மாறிய வரிசை: 1639இல் ஒல்லாந்தர், 1782 தையில் ஆங்கிலேயர், அதே ஆண்டு ஆவணியில் பிரெஞ்சுக்காரர், 1783இல் மீண்டும் ஒல்லாந்தர், 1795இல் ஆங்கிலேயர் நிரந்தரமாக. பிரடெரிக் என்ற பெயர் 1803இல், யோர்க் கோமகனின் நினைவாக. ஏன் இத்தனை சண்டை என்று மாணவர் கேட்டால் மலையுச்சிக்கு ஏற்றித் துறைமுகத்தைக் காட்டுங்கள்.

கோட்டைக்குள் இன்றும் இராணுவ முகாம் இருக்கிறது. தடை போட்ட பக்கம் படம் எடுக்க வேண்டாம். கோயிலுக்கு உரிய உடையோடு வரச் சொல்லுங்கள். செருப்பைக் கழற்றியபின் மூன்று மணி வெயிலில் அந்தப் பாறையில் நிற்க முடியாது, நாலரைக்குப் பின் நல்லது.

ஒஸ்டன்பேர்க் உள்துறைமுக வாயிலைக் காக்க ஒல்லாந்தர் எழுப்பியது. கடற்படைத் தளத்துக்குள் இருப்பதால், பாடசாலைக் கடிதத் தலைப்பில் பெயர்ப்பட்டியலோடு முன்னரே அனுமதி கேளுங்கள். வாசலில் வந்து நின்று கேட்டால் 40 பிள்ளைகளோடு திரும்ப வேண்டிவரும்.

தாய் ஒருவர், உவர்மலை: கோட்டை மான்களுக்குப் பிள்ளைகள் பாண், பிஸ்கட் கொடுக்க ஆசைப்படுகிறார்கள். கொடுக்கலாமா?

வேண்டாம். மான் அசைபோடும் பிராணி. அதன் இரைப்பை புல்லுக்கும் இலைக்கும் அமைந்தது. மாவுப்பண்டம் உள்ளே புளித்து வயிற்றைக் கெடுக்கும். அதைவிடப் பெரிய கேடு பை. உப்பும் இனிப்பும் மணக்கும் பொலித்தீனை மான் அப்படியே விழுங்கும். அது செரிக்காது, வெளியே போகவும் போகாது. வயிறு நிரம்பியபடியே மான் பட்டினியில் சாகும். பிள்ளைகளிடம் இதை மறைக்காமல் சொல்லுங்கள், விளங்கிக்கொள்வார்கள். போகும் வழியில் கிடக்கும் பைகளைப் பொறுக்கச் சொன்னால் மானுக்கு ஏதோ செய்த நிறைவும் அவர்களுக்குக் கிடைக்கும்.

வாசகர் ஒருவர், ஹட்டன்: கன்னியா வெந்நீர் ஊற்றில் எப்போது குளிப்பது?

காலை எட்டுக்கு முன். ஏழு கிணறும் ஆழம் குறைந்தவை, ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வேறு. இறங்கிக் குளிப்பதில்லை, வாளியால் அள்ளி ஊற்றுவதுதான் வழக்கம். கூட்டம் சேர்ந்தால் தண்ணீர் வற்றிக் கலங்கும். நகரிலிருந்து ஏறக்குறைய 8 கிலோமீற்றர். ஓட்டோ போதும், திரும்பி வரவும் அதையே பேசி நிறுத்துங்கள்.

வாசகர் ஒருவர், மன்னார்: திருகோணமலை முடித்துக்கொண்டு அதே பயணத்தில் நெடுந்தீவுக்கும் போகலாமா?

ஆவணியில் என்றால் யோசியுங்கள். திருகோணமலைக் கடல் அடங்கும் அதே மாதங்களில் சோளகம் (தென்மேற்குக் காற்று) அந்தப் பக்கத்துக் கடலைக் கிளப்பும். குறிகட்டுவான் துறையிலிருந்து ஒரு மணிநேரப் படகுப் பயணம் கடுமையாக இருக்கும். மாசி, பங்குனியில் போங்கள். முருகைக்கல்லால் கட்டிய கோட்டையின் இடிபாடு, மட்டக்குதிரை, பெருக்குமரம் (பாவோபாப்) மூன்றையும் ஒரே நாளில் பார்க்கலாம். கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்று இறங்கியவுடனே துறையில் கேட்டுவிட்டு ஊருக்குள் போங்கள்.