எட்டு நிமிடக் கதை, ஐந்து மாதம்: அனிமேஷன் குறும்படம் எடுக்கும் மாணவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

இறுதியாண்டுப் படத்துக்குத் தயாராகிக்கொண்டிருக்கும் விஷுவல் கம்யூனிகேஷன் (விஸ்காம்), அனிமேஷன் மாணவர்களிடம் கேள்விகளை அனுப்பச் சொல்லியிருந்தேன். நிறைய வந்தன. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். நான் பன்னிரண்டு வருடங்களாக 2டி அனிமேட்டர். கடைசி ஆறு வருடங்களாக மாணவர் படங்களுக்கு வழிகாட்டியாகவும் இருக்கிறேன். அந்த அனுபவத்தில் இருந்துதான் எழுதுகிறேன்.

அக்கா, எங்கள் கதை எட்டு நிமிடம் வரும். கையால் வரையும் 2டி. கையில் ஐந்து மாதம் இருக்கிறது. முடியுமா? (இறுதியாண்டு மாணவர், மதுரை)

முடியாது தம்பி. கணக்கைப் போட்டுப் பார்த்துவிடலாம். திரையில் ஒரு நொடிக்கு 24 ஃபிரேம், அதாவது 24 தனித்தனிப் படம். ஒரே ஓவியத்தை இரண்டு ஃபிரேமுக்கு நிறுத்தி வைப்பது வழக்கம். அதைத்தான் 'டூஸ்' என்கிறோம். அப்படி வைத்தாலும் நொடிக்கு 12 ஓவியம். எட்டு நிமிடம் என்றால் 480 நொடி, ஆக 5,760 ஓவியங்கள். அதுவும் ஒரே ஒரு பாத்திரம் அசைவதற்கு. ரஃப் (முதல் கிறுக்கல்), கிளீன்-அப் (சுத்தமான கோடு), வண்ணம் என்று ஒவ்வோர் ஓவியத்தையும் மூன்று முறையாவது தொட வேண்டும். பின்னணி வேறு தனியாக இருக்கிறது.

நிக் பார்க் பிரிட்டனில் திரைப்பட மாணவராக இருந்தபோது, 1982-ல், 'எ கிராண்ட் டே அவுட்' என்ற பொம்மைப் படத்தைத் தொடங்கினார். 23 நிமிடப் படம். முடிந்து வெளிவந்தது 1989-ல், அதுவும் ஆர்ட்மன் ஸ்டுடியோ கைகொடுத்த பிறகு. அது ஆஸ்கர் பரிந்துரை வரை போன அருமையான படம்தான். ஆனால் உங்களுக்கு ஏழு வருடம் கிடையாது, ஐந்து மாதம்தான்.

டைட்டிலோடு சேர்த்து இரண்டு நிமிடத்துக்குத் திட்டமிடுங்கள். உங்கள் வேகம் எவ்வளவு என்று தெரிந்துகொள்ள ஒரே வழிதான் உண்டு: படத்தில் நடுத்தரமான கஷ்டமுள்ள ஒரு ஷாட்டை எடுத்து, வண்ணம் வரை முழுக்க முடித்துப் பாருங்கள். ஒன்பது மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். 28 ஷாட் என்றால் 252 மணி நேரம். தினமும் மூன்று மணி நேரம் உட்கார்ந்தால் 84 நாள். இதோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள், 126 நாள். காய்ச்சல் வரும், செமஸ்டர் தேர்வு வரும், அக்கா கல்யாணம் வரும். கூட்டிய அந்தப் பாதி அதற்கெல்லாம்தான்.

கதை எப்படித் தேர்ந்தெடுப்பது மேடம்? படத்தில் ஒரு மெசேஜ் கட்டாயம் இருக்க வேண்டும் என்று துறையில் சொல்கிறார்கள். (மாணவி, திருச்சி)

மெசேஜை ஓரமாக வையுங்கள். முதலில் ஓர் இடம், இரண்டு பாத்திரம், ஒரு மாற்றம். இந்த மூன்றுக்குள் அடங்குகிற கதையாகப் பாருங்கள்.

உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன். மொட்டை மாடியில் வடகம் காய்கிறது. காவலுக்குப் பாட்டி, கையில் ஒரு குச்சி. தண்ணீர்த் தொட்டி மேல் ஒரு காகம். பாட்டிக்குக் கண் சொருகுகிறது. அவ்வளவுதான். பின்னணி ஒன்றே போதும். நிழல் நகர்வதை வைத்தே நேரம் போவதைக் காட்டிவிடலாம். காகத்தின் நடை, பாட்டியின் தலை மெல்லச் சாய்ந்து திடுக்கென்று நிமிர்வது, இதெல்லாம் வரைவதற்குச் சுகமானவை. கடைசியில் பாட்டி குச்சியை எடுக்கிறாளா, அல்லது ஒரு வடகத்தைத் தானே தள்ளி வைக்கிறாளா என்பதுதான் உங்கள் படம். அதிலேயே நீங்கள் சொல்ல வேண்டியது வந்துவிடும். தனியாக எழுத்தில் போட வேண்டியதில்லை.

கூட்டம், தண்ணீர், குதிரை, சண்டை நான்கையும் முதல் படத்தில் தவிர்த்துவிடுங்கள்.

ஸ்டோரிபோர்டு (ஷாட் ஷாட்டாகக் கதையைச் சொல்லும் படங்கள்) வரைந்துவிட்டோம். நேராக அனிமேஷனுக்குப் போகக் கூடாதா? அனிமேட்டிக் கட்டாயமா? (நால்வர் குழு, சென்னை)

கட்டாயம். மற்ற பதில்கள் எல்லாம் மறந்து போனாலும் இது மட்டும் ஞாபகம் இருக்கட்டும் என்பேன். படம் உருவாகிற இடம் அனிமேட்டிக்தான். ஸ்டோரிபோர்டு படங்களை எடிட்டிங் மென்பொருளில் வரிசையாகப் போட்டு, ஒவ்வொன்றும் எத்தனை நொடி நிற்க வேண்டுமோ அத்தனை நொடி நிறுத்தி, உங்கள் குரலிலேயே வசனம், வாயாலேயே 'கா கா' என்று சத்தம் எல்லாம் சேர்த்து ஓட விடுங்கள். குச்சி மனிதர்கள் போதும். அழகு தேவையே இல்லை.

நொடிக் கணக்கை உட்கார்ந்த இடத்தில் யூகிக்காதீர்கள். எழுந்து நடித்துப் பாருங்கள், ஒருவர் ஸ்டாப்வாட்ச் பிடிக்கட்டும். பாட்டி தூங்கி விழுவதற்கு மூன்று நொடி என்று எழுதி வைத்திருப்பீர்கள். நடித்தால் ஆறு நொடி வரும். அந்த வீடியோவையும் வைத்திருங்கள், பிறகு அனிமேட் செய்யும்போது பார்த்து வரையலாம்.

அப்புறம், கதை தெரியாத மூன்று பேரிடம் அதைப் போட்டுக் காட்டுங்கள். அம்மா, விடுதித் தோழி, கேன்டீன் அண்ணன், யாராக இருந்தாலும் சரி. போடும் முன் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லக் கூடாது. முடிந்ததும் “என்ன நடந்தது, சொல்லுங்க” என்று மட்டும் கேளுங்கள். அவர்கள் சொல்வது உங்கள் கதையாக இல்லையென்றால் ஸ்டோரிபோர்டில் கோளாறு. அந்த இடத்தில் “இல்லம்மா, அது வந்து…” என்று விளக்க ஆசை வரும். அடக்கிக்கொண்டு குறிப்பெடுங்கள்.

அனிமேட்டிக்கில் ஒரு ஷாட்டை வெட்டி எறிய ஒரு நொடி போதும். வண்ணம் பூசி முடித்த பிறகு வெட்டினால் ஒன்பது மணி நேர உழைப்பு போய்விடும், மனசும் வராது. அந்தத் தேவையில்லாத ஷாட் படத்திலேயே தங்கிவிடும். ஐந்து மாதத்தில் ஒரு மாதத்தைக் கதைக்கும் அனிமேட்டிக்குக்கும் கொடுங்கள். தாராளமாகக் கொடுங்கள்.

என்னிடம் 8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப்தான் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு இல்லை. மென்பொருள் வாங்கவும் வசதி இல்லை. (மாணவர், தூத்துக்குடி)

வாங்க வேண்டாம். கிரிட்டா, ஓப்பன்டூன்ஸ், பிளெண்டர் மூன்றுமே இலவசம். ஓப்பன்டூன்ஸுக்கு அடிப்படையான டூன்ஸ் மென்பொருளை ஜப்பானின் கிப்லி அனிமேஷன் ஸ்டுடியோ பயன்படுத்தியது. 2016-ல் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. லாட்வியாக்காரரான கின்ட்ஸ் ஸில்பலோடிஸ் 'ஃப்ளோ' என்ற முழுநீளப் படத்தை பிளெண்டரில் எடுத்தார். 2025-ல் அது சிறந்த அனிமேஷன் படத்துக்கான ஆஸ்கர் வாங்கியது. எடிட்டிங்கும் பிளெண்டரிலேயே செய்யலாம்.

உங்கள் லேப்டாப்பில் 3டி வேண்டாம் என்பது என் எண்ணம். ரெண்டர், அதாவது கணினி ஒவ்வொரு ஃபிரேமையும் இறுதிப் படமாக உருவாக்குவது. அதன் கணக்கைப் பாருங்கள்: இரண்டு நிமிடப் படம் 2,880 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்கு மூன்று நிமிடம் என்றால் 8,640 நிமிடம், அதாவது ஆறு முழு நாள். ஒரு விளக்கு தவறாக இருந்தால் திரும்ப ஆறு நாள்.

கணினியே அதிகம் வேண்டாத வழியும் உண்டு. லோட்டே ரைனிகர் என்ற அனிமேஷன் கலைஞர் ஜெர்மனியில் 1923-லிருந்து 1926 வரை கறுப்புக் காகிதத்தை வெட்டி, மூட்டுகளில் கம்பி கோத்து, கீழே இருந்து ஒளி கொடுத்து, ஃபிரேம் ஃபிரேமாக நகர்த்தி ஒரு முழுநீளப் படமே எடுத்தார். நம் ஊர் தோல்பாவைக்கூத்தைப் பார்த்தவர்களுக்கு அந்த அழகு புதிதல்ல. நீங்களும் செய்ய இவை போதும்: ஒரு கண்ணாடித் தகடு, அதன் மேல் பட்டர் பேப்பர், கீழே ஒரு எல்இடி பல்பு, மேலே அசையாமல் கட்டிய போன், ஒரு ஸ்டாப்-மோஷன் செயலி. போனில் ஃபோகஸையும் வெளிச்சத்தையும் லாக் செய்துவிடுங்கள், இல்லாவிட்டால் படம் மினுக்கிக்கொண்டே இருக்கும்.

தமிழ் வசனத்துக்கு லிப்-சிங்க் (வசனத்தோடு வாயசைவு பொருந்துவது) சரியாக வரவே மாட்டேன் என்கிறது. இணையத்தில் கிடைக்கும் வாய்ப் படங்கள் எல்லாம் ஆங்கிலத்துக்கு. என்ன செய்வது? (மாணவி, யாழ்ப்பாணம்)

நல்ல கேள்வி தங்கச்சி. எனக்கு ரொம்பப் பிடித்த வேலை இது.

தமிழுக்கு ஏழு வாய் போதும். உதடு மூடியது, ம, ப இரண்டுக்கும். கீழுதடு மேல் பல்லருகே போவது, வகரத்துக்கு. நன்றாகத் திறந்தது, அ, ஆ. பக்கவாட்டில் இழுத்தது, இ, ஈ, எ, ஏ. பாதி குவிந்தது, ஒ, ஓ. முழுக்கக் குவிந்தது, உ, ஊ. ஏழாவது, பல் லேசாகத் தெரியும்படி கொஞ்சம் திறந்த வாய். க, ச, ட, த, ர, ல, ள, ழ எல்லாம் வாய்க்குள்ளே நடக்கிற வேலை. வெளியே பெரிதாகத் தெரியாது, இந்த ஏழாவது வாயே போதும். ழகரத்துக்குத் தனி வாய் வரைந்து சிரமப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

அடுத்தது நேரம். குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு என்று பள்ளியில் படித்தோமே, அது இங்கே அப்படியே உதவுகிறது. குறிலுக்கு இரண்டு ஃபிரேம் வைத்தால் நெடிலுக்கு நான்கு வைத்துத் தொடங்குங்கள், பிறகு காதால் கேட்டுச் சரிசெய்யுங்கள். 'அம்மா' என்பதில் 'ம்மா' இரட்டிக்கிறது. அங்கே மூடிய உதடு கூடுதலாக நிற்க வேண்டும். மூடிய உதட்டை ஒரே ஒரு ஃபிரேமில் வைத்தால் கண்ணுக்குத் தெரியாது.

மிக முக்கியமானது, ஸ்கிரிப்டைப் பார்த்து வரையாதீர்கள், ஒலிப்பதிவைக் கேட்டு வரையுங்கள். 'மரம்' என்று எழுதுகிறோம். பேச்சில் கடைசி 'ம்' மூக்கொலியாக முடிந்துவிடும், உதடு மூடாது. 'பாட்டு' என்பதில் கடைசியில் வருவது குற்றியலுகரம். அங்கே உதடு குவியாது. எழுத்தைப் பார்த்து 'பாட்டு'வுக்குக் குவிந்த வாய் போட்டால், யாரோ ஊதுகிற மாதிரி இருக்கும். முகம் பார்க்கும் கண்ணாடியை மேசையில் வைத்து, வசனத்தை உங்கள் ஊர்ப் பேச்சிலேயே சொல்லிப் பாருங்கள். யாழ்ப்பாணப் பேச்சுக்கும் மதுரைப் பேச்சுக்கும் இழுப்பு வேறு, எனவே வாயும் வேறாகத்தான் அசையும்.

இன்னொன்று, வாய் வடிவம் ஒலியை விட ஒன்றிரண்டு ஃபிரேம் முன்னால் வரட்டும்.

குழுவில் நான்கு பேர். யார் எதைச் செய்வது என்று தினமும் சண்டை. (பெயர், ஊர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டவர்)

ஆளுக்கு ஏழு ஷாட் என்று பிரித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அப்படிப் பிரித்தால் பாட்டிக்கு நான்கு முகம் வந்துவிடும். வேலையால் பிரியுங்கள்: ஒருவர் பின்னணி, ஒருவர் ரஃப் அனிமேஷன், ஒருவர் கிளீன்-அப்பும் வண்ணமும், ஒருவர் ஒலியும் எடிட்டிங்கும். இயக்குநர் ஒருவரே. கருத்து எல்லோரும் சொல்லலாம், முடிவு அவருடையது. இதை முதல் நாளே பேசி எழுதி வைத்துவிடுங்கள்.

கோப்புகளுக்கும் ஒழுங்கு வேண்டும். ஷாட் எண், வேலை, பதிப்பு எண், இந்த வரிசையில் பெயர் வையுங்கள். ஷாட் எண்களை 10, 20, 30 என்று விட்டுவிட்டுப் போட்டால் நடுவில் ஒன்று சேர்க்க வேண்டி வரும்போது 15 என்று போட்டுக்கொள்ளலாம்.

காப்புப் பிரதி பற்றியும் சொல்லியாக வேண்டும். என் கல்லூரிப் படத்தின் எல்லாக் கோப்புகளும் ஒரே ஹார்டு டிஸ்கில் இருந்தன. சமர்ப்பிக்கப் பதினெட்டு நாள் இருக்கும்போது அது வேலை செய்யாமல் போனது. மீட்கக் கொடுத்த இடத்தில் பாதிதான் திரும்பக் கிடைத்தது. என்னோடு வரைந்த தோழி அன்று பேசாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் கண்ணில் நிற்கிறது. மூன்று பிரதி வையுங்கள். அதில் ஒன்று வேறு வீட்டிலோ கிளவுடிலோ இருக்கட்டும். ரெண்டர் செய்யும்போதும் நேராக வீடியோவாக எடுக்காமல் பிஎன்ஜி படவரிசையாக எடுங்கள். நடுவில் மின்சாரம் போனாலும் முடிந்தவரை கையில் இருக்கும்.

சினிமா பின்னணி இசை 20 நொடி மட்டும் போடலாமா? (மாணவர், கோவை)

வேண்டாம். '20 நொடி வரை பரவாயில்லை' என்று ஒரு விதியே கிடையாது. திரைப்பட விழாவும் எடுக்காது, யூடியூபிலும் பிரச்சினை வரும். ஃப்ரீசவுண்ட் தளத்தில் ஒலிகள் கிடைக்கும். ஒவ்வொன்றின் உரிமத்தையும் படித்து, பெயர் போடச் சொன்னால் போடுங்கள். ஆனால் வடகம், பாட்டி, காகம் மாதிரி ஒரு படத்துக்கு இசையே வேண்டாம் என்று எனக்குத் தோன்றுகிறது. மதிய நேர மொட்டை மாடிச் சத்தம், தூரத்தில் குக்கர் விசில், காய்ந்த வடகம் நொறுங்கும் ஒலி, இவை போதும். போர்வையைப் போர்த்திக்கொண்டு போனிலேயே பதிவு செய்யலாம், எதிரொலி அடங்கும்.

என் மகள் இரவெல்லாம் கண் விழித்து வரைகிறாள். இந்த ஒரு படத்தை வைத்து வேலை கிடைக்குமா அம்மா? (ஒரு தந்தை, சேலம்)

ஐயா, ஸ்டுடியோக்கள் முதலில் பார்ப்பது ஷோரீலை, அதாவது அவளுடைய சிறந்த வேலைகளை வைத்துத் தொகுத்த ஒரு நிமிடத்தை. முடித்த படம் ஒன்று இருந்தால், அவளால் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க முடியும் என்று அதுவே சொல்லும். உறுதியாகக் கிடைக்கும் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. கண் விழிப்பது மட்டும் வேண்டாம். தூக்கம் கெட்டால் கோடும் கெடும். அவளுடைய அனிமேட்டிக்கை ஒருநாள் உட்கார்ந்து பாருங்கள். உங்களுக்குப் புரிந்ததை அப்படியே அவளிடம் சொல்லுங்கள். அவளுக்கு அது பெரிய உதவி.

படம் முடிந்தால் உடனே யூடியூபில் போட்டுவிடலாமா? (மாணவர், புதுச்சேரி)

கொஞ்சம் பொறுங்கள். இணையத்தில் ஏற்கெனவே வெளியான படங்களைச் சில விழாக்கள் ஏற்பதில்லை. எங்கே அனுப்பப் போகிறீர்கள் என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் விதியையும் படித்த பிறகு முடிவு செய்யுங்கள். பிரான்ஸின் அன்னசி அனிமேஷன் விழாவில் மாணவர் படங்களுக்கென்றே தனிப் போட்டி இருக்கிறது. ஆங்கில சப்டைட்டில், நல்ல ஸ்டில் மூன்று, நான்கு வரிக் கதைச் சுருக்கம், இவற்றைப் படம் முடியும் முன்பே தயார் செய்து வையுங்கள்.

டைட்டிலைத் தமிழில் போடுவதாக இருந்தால் ஒரு விஷயம். சில மென்பொருள்களில் தமிழ் எழுத்து உடையும். 'கொ' என்பதில் ககரத்துக்கு முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் நிற்கும். இங்க்ஸ்கேப் என்ற இலவச வரைகலை மென்பொருளில் அடித்து, படமாக மாற்றிக் கொண்டுவாருங்கள். கையாலேயே எழுதினால் இன்னும் அழகு. உதவி செய்தவர்களின் பெயர்களை அவரவரிடமே கேட்டு எழுத்துப்பிழை பாருங்கள். கேன்டீன் அண்ணன் பெயரும் அதில் இருக்கட்டும்.