மூன்று நிமிடம் கை தாழாமல் நிற்க…

குத்துச்சண்டைக்கு வீட்டிலேயே உடம்பைத் தயார் செய்யும் வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: எனக்கு 24 வயது. பி90எக்ஸ் என்ற 90 நாள் வீடியோ பயிற்சியை வாரம் ஆறு நாள் செய்துவருகிறேன். முடிந்ததும் பாக்ஸிங் கிளப்பில் சேர ஆசை. இந்தப் பயிற்சி போதுமா?
- வாசகர், வியாசர்பாடி

பதில்: மூச்சும் வலுவும் கூடும். கிளப்பில் முதல் மாதம் மற்றவர்கள் வாந்தி எடுக்கும் இடத்தில் நீங்கள் தாக்குப்பிடிப்பீர்கள். ஆனால் அதை அப்படியே 90 நாளும் செய்யாமல், கொஞ்சம் மாற்றிச் செய்தால் பலன் அதிகம்.

அமெச்சூர் போட்டி மூன்று ரவுண்டு. ஒவ்வொன்றும் மூன்று நிமிடம், நடுவில் ஒரு நிமிட ஓய்வு. அந்த ஒன்பது நிமிடமும் இரண்டு கையும் தாடைக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும். வீடியோவில் ஒரு தண்டால் செட் ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடும், அடுத்தது வேறு தசைக்குப் போய்விடும். அதனால் தண்டால் ஐம்பது எடுப்பவருக்கும் ரிங்கில் இரண்டாவது ரவுண்டிலேயே தோள் எரிந்து கை மார்புக்கு இறங்கிவிடுகிறது. அப்புறம் வாங்கும் அடியெல்லாம் அந்த இறங்கிய கையால் வருவது.

உங்கள் தொகுப்பில் புல்-அப், தண்டால், கால் பயிற்சி உள்ள நாட்களில் இரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்; திங்கள், வியாழன் என்று பிரித்தால் நடுவில் தசை ஆறும். கென்போ என்று வரும் குத்து, உதைப் பயிற்சியை விட்டுவிடலாம். வியர்க்க வைக்கும், உண்மைதான். ஆனால் அதில் ஒருவர் எண்ண எண்ண, நின்ற இடத்தில், ஒரே தாளத்தில் குத்தப் பழகுகிறோம். அந்தத் தாளம் கையில் ஏறிவிட்டால் அதை மாற்றக் கோச்சுக்கு மாதக்கணக்கில் ஆகும்.

செவ்வாய், வெள்ளி இரண்டு நாளும் ரவுண்டு கணக்கில் ஷேடோ பாக்ஸிங், அதாவது எதிரில் ஆள் இருப்பதாக நினைத்துக் காற்றில் குத்துவது. போனில் மூன்று நிமிடம், ஒரு நிமிடம் என்று டைமர் வையுங்கள். ஒரு ரவுண்டுக்குள் 30 விநாடி வேகமாக ஜாப் (முன்னால் இருக்கும் கையால் நேர்க்குத்து), கிராஸ் (பின்னால் இருக்கும் கையால் நேர்க்குத்து); அடுத்த 30 விநாடி குத்தாமல், இரண்டு கையையும் தாடைக்குப் பக்கத்தில் கார்டாகத் தூக்கியபடி கால் நகர்த்தல் மட்டும். இப்படி மூன்று முறை வந்தால் ரவுண்டு முடிந்தது. முதல் மூன்று வாரம் மூன்று ரவுண்டு, பிறகு வாரத்துக்கு ஒன்று கூட்டி ஆறில் நிறுத்துங்கள். ஒவ்வொரு குத்துக்கும் மூக்கால் ‘ஸ்’ என்று மூச்சை விட வேண்டும். புதிதாக வருபவர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு குத்துவதால்தான் ஒரு நிமிடத்தில் இரைக்கிறது. ஜாப் போட்ட கை தாடைக்குத் திரும்பாமல் இடுப்புக்கு வந்தாலோ, நகரும்போது கால் குறுக்கே மாறினாலோ அத்துடன் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். களைப்பில் செய்த தவறும் பழக்கமாகிவிடும். சனிக்கிழமை 30 முதல் 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் ஓட்டம். புதன், ஞாயிறு ஓய்வு. தொகுப்பில் நான்காவது வாரம் இலேசான வாரமாக வரும், அதைத் தவிர்க்காதீர்கள்.

முன்னேற்றத்தை அளக்க: ரவுண்டு முடிந்தவுடன் கழுத்து நாடியை 15 விநாடி எண்ணுங்கள். ஓய்வின் கடைசி 15 விநாடியில் மறுபடி எண்ணுங்கள். வித்தியாசத்தை நோட்டில் எழுதி வாருங்கள். வாரா வாரம் அது கூடினால் உடம்பு சீக்கிரம் ஆறக் கற்றுக்கொள்கிறது என்று அர்த்தம். கண்ணாடியில் தெரியும் வயிற்றுக்கட்டைவிட இந்த எண்ணை நம்புங்கள்.

கேள்வி: கையில் 2 கிலோ டம்பெல் பிடித்து ஷேடோ செய்தால் குத்தின் வேகம் கூடுமா?
- வாசகர், திருச்சி

பதில்: கூடாது. குத்து முன்னால் போகிறது, டம்பெல்லின் எடையோ கீழே இழுக்கிறது. தூக்கிப்பிடிக்கும் வேலைதான் தோளுக்குக் கூடும். குத்தின் முடிவில் அந்த எடை முழங்கையை வெட்டி இழுப்பதால் மூட்டு வலி வரும். வேகத்துக்குக் கைதட்டும் தண்டால்: ஐந்து ஐந்தாக நான்கு செட், நடுவில் ஒன்றரை நிமிட ஓய்வு. தோள் தாங்க இலேசான கர்லாக்கட்டை சுழற்றலாம். எடையோடுதான் ஷேடோ வேண்டும் என்றால் 16 அவுன்ஸ் கிளவ்ஸ் போதும். ஒரு கைக்குச் சுமார் 450 கிராம்.

கேள்வி: மொட்டை மாடியில் தினமும் அரை மணி ஸ்கிப்பிங் செய்கிறேன். பத்து நாளாக முன்னங்கால் எலும்பின் உள்பக்கம் வலிக்கிறது.
- வாசகி, மதுரை

பதில்: சிமென்ட் தரையும் ஒரேயடியாக அரை மணி நேரமும்தான் காரணம். அழுத்தினால் வலி தெரியாத வரை நிறுத்துங்கள். மறுபடி தொடங்கும்போது தடித்த ரப்பர் மேட் விரித்து, ஷூ போட்டு, ஒரு நிமிடம் வீதம் ஐந்து முறை. தரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் எழும்பினால் போதும்; குதிகால் தரையைத் தொடக் கூடாது. கயிற்றின் நடுவில் மிதித்து நின்றால் பிடி அக்குள் வரை வர வேண்டும். நீளமான கயிறுதான் உயரக் குதிக்க வைக்கிறது. விரல் வைத்துக் காட்டும் அளவுக்கு ஒரே இடத்தில் வலி இருந்து, இரவிலும் வலித்தால், எலும்பில் விரிசல் இருக்கலாம். எலும்பு மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: என் மகளுக்கு 17 வயது, எடை 57.8 கிலோ. பத்து நாளில் போட்டி. 54 கிலோ பிரிவுக்கு இறங்க, மழைக்கோட்டு போட்டு வீட்டிலேயே பயிற்சி செய்கிறாள், தண்ணீரும் குடிப்பதில்லை. பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், தூத்துக்குடி

பதில்: உங்கள் பயம் நியாயமானது அம்மா. இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். 3.8 கிலோ என்பது அவள் எடையில் ஆறு சதவீதத்துக்கும் மேல். மழைக்கோட்டில் இறங்குவது கொழுப்பு இல்லை, தண்ணீர். நீர் வற்றிய உடம்பில் இதயத் துடிப்பு ஏறும், வெப்பம் வெளியேறாமல் மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்தாகலாம். தலையில் அடி வாங்கும் விளையாட்டுக்கு அந்த நிலையில் யாரும் ஏறக் கூடாது. அடுத்த பிரிவு 57 கிலோ. 800 கிராம்தான் அதிகம். ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், பரோட்டா, இனிப்பை நிறுத்தி, இரவுச் சோற்றைப் பாதியாக்கி, முட்டையோ சுண்டலோ சேர்த்தால் பத்து நாளில் அது இறங்க வாய்ப்பு அதிகம். தண்ணீரைக் குறைக்க வேண்டாம். கோச்சிடம் நீங்களே நேரில் பேசுங்கள்.

கேள்வி: வீட்டில் பஞ்சிங் பேக் தைத்து மணல் நிரப்பினேன். மணிக்கட்டு வீங்கிவிட்டது.
- வாசகர், காசிமேடு

பதில்: மணல் அடியில் இறங்கிக் கல்லாகிவிடும். கொட்டிவிடுங்கள். பழைய பருத்தித் துணிகளில் பொத்தான், ஜிப், கொக்கி எல்லாவற்றையும் வெட்டி எடுத்து, உள்ளங்கை அளவுத் துண்டுகளாக்கி, ஒரு சாண் உயரத்துக்கு ஒருமுறை உலக்கையால் இடித்து நிரப்புங்கள். மொத்த எடை உங்கள் எடையில் பாதி இருக்கலாம். ஃபேன் கொக்கியில் மாட்டாதீர்கள். ஆடும் பேக் அதன் எடையைவிடக் கூடுதலாக இழுக்கும். வீக்கம் முழுதும் வற்றிய பிறகு, 4.5 மீட்டர் துணிப்பட்டையை மணிக்கட்டில் மூன்று சுற்று, விரல் முட்டிகளில் மூன்று சுற்று, விரல் இடுக்குகளில் ஒவ்வொன்று என்று கட்டி, மேலே கிளவ்ஸ் போட்டு, இரண்டு வாரம் பாதி பலத்தில் இரண்டு ரவுண்டு மட்டும் குத்துங்கள். ஒரு மாதத்தில் பேக்கின் மேல்பகுதி தளர்ந்து தொங்கும். அப்போது திறந்து இன்னும் கொஞ்சம் துணி இடிக்க வேண்டியிருக்கும்.