றெக்கோடிங் பார் அண்ணனைக் கேளுங்கள்

(திருகோணமலை மத்திய வீதியில் கசெற் பதிந்து கொடுத்த காலம் தொடங்கி, இன்று ஒலிபெருக்கி வாடகைக்கு விடுவது வரை பாட்டோடே கிடப்பவர் வாசகர்களின் இசைக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஜப்பான் றொக் பற்றியவை.)

கேள்வி: மகன் உயர்தரம் படிக்கிறான். முன்பு ஜப்பான் கார்ட்டூன் பார்த்தான், பேசாமல் இருந்தேன். இப்போது உதட்டுச்சாயமும் கண்மையும் பூசிய ஆம்பிளைகள் பாடுகிற பாட்டு. கேட்டால் ‘விசுவல் கெய்’ என்கிறான். இது என்ன பழக்கம் அண்ணா?
— ஒரு தாய், உவர்மலை

பதில்: பயப்பட ஒன்றுமில்லை, தங்கச்சி. கார்ட்டூன் வழியாகத்தான் போயிருப்பான். ‘டெத் நோட்’ தொடரின் முதல் தொடக்கப் பாட்டைப் பாடிய நைட்மேர், செண்டாய் நகரத்து விசுவல் கெய் குழு. அந்த வாசலால் உள்ளே போன பிள்ளைகள் உலகம் முழுக்க இருக்கிறார்கள்.

விசுவல் கெய் என்பது ஒரே வகைப் பாட்டு அல்ல. ஒரு குழு ஹெவி மெற்றல் வாசிக்கும், இன்னொன்று பழைய ஐரோப்பிய அரண்மனை இசை மாதிரி ஏதோ செய்யும். பொதுவாக இருப்பது வேஷம்தான். சிபா மாகாணத்தில் தத்தேயாமா என்ற கடற்கரை ஊரில் சின்ன வயதில் இருந்தே சிநேகிதர்களான யோசிகியும் (ட்றம்ஸ், பியானோ) பாடகர் தோசியும் 1982 இல் ‘எக்ஸ்’ என்ற குழுவைத் தொடங்கினார்கள். பிற்பாடு அது எக்ஸ் ஜப்பான். 1989 இல் வந்த ‘புளூ பிளட்’ அல்பத்தின் அட்டையில் ‘விசுவல் ஷொக்’ என்று முடிகிற ஒரு வாசகம் போட்டிருந்தார்கள். அதிலிருந்துதான் இந்தப் பெயரே வந்தது என்பார்கள்.

ஆம்பிளை மை பூசுவது உங்களுக்கு உறுத்துகிறது, விளங்குகிறது. ஆனால் எங்கள் ஊர்க் கூத்துகளில் பெண்வேஷம் கட்டியது யார்? மீசையை மழித்துவிட்டு, சேலை கட்டி, முகத்துக்கு அரிதாரம் பூசி வந்த அதே ஆம்பிளை அழுதபோது களரியைச் சுற்றி இருந்த பெண்களும் சேர்ந்து அழுதார்கள். ஜப்பானில் 1629 இல் பெண்கள் மேடை ஏறக்கூடாது என்று அரசு தடுத்தது. அதன் பிறகு கபுகி நாடகத்தில் பெண்வேஷம் ஆண்களுக்கே உரிய பெரிய கலையாக வளர்ந்தது. மாலிஸ் மிசேர் குழுவின் கிற்றார்காரர் மனா மேடையில் கவுன் போட்டு வருவார், வாய் திறந்து ஒரு வார்த்தை பேசமாட்டார். அந்தக் குழு நடுவில் வாத்தியங்களைக் கீழே வைத்துவிட்டு ஆடவும் நடிக்கவும் செய்தது. எனக்கு அது கூத்துத்தான்.

இயர்போன் சத்தத்தை மட்டும் குறைக்கச் சொல்லுங்கள். அதில் நான் உங்கள் பக்கம்.

கேள்வி: எனக்கு ஜப்பான் மொழி ஒரு சொல்லும் தெரியாது. எக்ஸ் ஜப்பான் நல்லது என்று கூட்டாளிமார் சொல்கிறார்கள். போனில் கொஞ்சம் கேட்டுப் பார்த்தேன், பிடிபடவில்லை. எந்தப் பாட்டில் தொடங்குவது? எப்படி ரசிப்பது?
— ஒரு மாணவர், கிண்ணியா

பதில்: ‘கொஞ்சம்’ கேட்டதுதான் பிழை, தம்பி. மொழி தடையே இல்லை. எனக்கும் தெரியாது. 2005 இல் சுனாமி நிவாரண வேலைக்கு வந்து உப்புவெளியில் தங்கியிருந்த ஒரு ஜப்பான் பொடியன், சீடி ஒன்றைக் கொப்பி பண்ண என் கடைக்கு வந்தான். எனக்கும் ஒன்று அடித்துக்கொண்டேன், அந்தக் காலம் அப்படி. அதில்தான் ‘குரெனாய்’ இருந்தது.

‘புளூ பிளட்’ அல்பத்தில் இருப்பதைக் கேளுங்கள். முதலில் கிற்றார் தனியாக, மெதுவாக நடக்கும். தோசி ஆங்கிலத்தில் தாழ்ந்த குரலில் பாடுவார். ஏதோ காதல் பாட்டு என்று நீங்கள் சாய்ந்து உட்காரும்போது ட்றம்ஸ் பாயும். இரண்டு காலாலும் உதைத்து வாசிக்கிற வேகம். இந்த இடத்தில்தான் பலர் ஓடிவிடுகிறார்கள். ஓடாதீர்கள். வேகத்தை விட்டுவிட்டு, அதற்கு மேலே போகிற மெட்டை மட்டும் பிடித்து வாய்க்குள் முணுமுணுங்கள். நீளமான, துக்கமான மெட்டு. வயலினில் மெதுவாக வாசித்தாலும் நிற்கும். இந்தக் குழுக்களின் பாட்டுகளில் பெரும்பாலானவை மைனர் ஸ்வரங்களில் போகிறவை, நம் கணக்கில் நடபைரவி. இடையில் நிஷாதம் ஏறிக் கீரவாணிப் பக்கமும் எட்டிப் பார்க்கும். அதனால்தான் நமக்கு அந்நியமாகப் படுவதில்லை. தமிழ்ச் சினிமாவில் கீரவாணி கேட்டு வளர்ந்த காதுதானே இது.

அடுத்தது, பாட்டின் அமைப்பு. நம்மிடம் பல்லவி முதலிலேயே வந்துவிடும், பிறகு அதற்குத்தான் திரும்பித் திரும்பி வருவோம். ஜப்பான்காரர் ஏ மெலோ, பி மெலோ என்று இரண்டு படி ஏற்றிவிட்டுத்தான் ‘சபி’ என்ற பகுதிக்கு வருவார்கள். மெட்டின் உச்சம் அங்கேதான். பி மெலோவில் தாளம் சற்று மாறும், சுருதி மேலே நகரும், ஏதோ வரப்போகிறது என்று தெரியும். அரை நிமிடம் கேட்டுவிட்டு விரலால் தள்ளினால் சபியே உங்களுக்குக் கிடைக்காது. யூரியூப்பில் வெட்டி ஒட்டிப் போடுகிற துண்டுகளைத் தொடவே வேண்டாம்.

பிறகு அதே அல்பத்தில் ‘எண்ட்லெஸ் ரெயின்’. பியானோவில் போகிற மெதுவான பாட்டு. மேடைப் பதிவாகக் கேளுங்கள், சபியைச் சனமே பாடும், தோசி நிறுத்திய பிறகும் விடாது. 1991 இன் ‘சைலண்ட் ஜெலஸி’யில் பியானோவும் பாய்ச்சலும் ஒரே பாட்டில் மோதும். ‘ஆர்ட் ஒஃப் லைஃப்’ 1993 இல் வந்தது, ஒரே பாட்டு 29 நிமிடம். அதில் தொடங்க வேண்டாம். நடுவில் நீண்ட பியானோப் பகுதி ஒன்று உண்டு. ஒரு பியானோ ஒழுங்காகச் சுற்றிச் சுற்றி வர, இன்னொன்று அதன் மேலே விழுந்து நொறுக்கும். பத்து வயதில் தகப்பனை இழந்த யோசிகி எழுதியது. அந்தப் பகுதியை இரைச்சல் என்று சொல்கிறவர்களோடு நான் சண்டைக்குப் போகமாட்டேன், ஆனால் எனக்கு இந்தக் குழுவின் உச்சம் அதுதான்.

கேள்வி: 1942 இல் திருகோணமலையில் குண்டு போட்ட ஜப்பான்காரனின் பாட்டை இந்த ஊரில் இருந்துகொண்டு ரசிக்கலாமா?
— ஓய்வுபெற்ற ஒருவர், சீனன்குடா

பதில்: ஐயா, ஏப்ரல் 9 ஐ எங்கள் அம்மம்மாவும் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தா. துறைமுகம் எரிந்ததையும் சனம் ஓடினதையும் கதைகதையாகச் சொல்லுவா. யோசிகி பிறந்ததோ 1965 இல். இந்தக் கணக்குப் பார்த்தால் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்ததற்காகக் கலியாண வீடுகளில் அவர்கள் வழி வந்த பைலாப் பாட்டையும் நிறுத்த வேண்டும். உங்கள் வீட்டுக் கலியாணத்தில் நிறுத்துவீர்களா?

கேள்வி: டிர் என் கிரே குழுவின் பாடகர் ஏன் அப்படி அலறுகிறார்?
— ஒரு வாசகர், சாம்பல்தீவு

பதில்: கியோ அலறுவார், கிசுகிசுப்பார், பெண்குரலில் மேலே போவார், எல்லாம் ஒரே பாட்டுக்குள். 1997 இல் தொடங்கிய குழு. 1999 இல் அவர்களைப் பெரிய மேடைக்குக் கொண்டுவந்த பாட்டுகளை யோசிகிதான் தயாரித்தார். அந்தக் காலத்தில் மெட்டு முன்னால் நிற்கும், பிறகு வர வரக் கனத்துவிட்டது. 2003 இன் ‘வல்கர்’ இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. அதில் ‘கசுமி’யை முதலில் கேளுங்கள், ‘ஒப்ஸ்கியூர்’ பிறகு. தொடர்ந்து மூன்றுக்கு மேல் என்னாலும் முடியாது, வீட்டில் மெயின் சுவிச்சை நிறுத்திவிடுகிறார்கள்.

கேள்வி: நான் வயலின் படிக்கிறேன். இந்த இசையில் வயலினுக்கு இடம் உண்டா?
— ஒரு மாணவி, தம்பலகாமம்

பதில்: லூனா சீ குழுவின் சுகிசோவைத் தேடுங்கள். கிற்றார்காரர், வயலினும் வாசிப்பார். தாய் தகப்பன் இருவரும் ஓர்க்கெஸ்ட்ரா வாத்தியக்காரர், மூன்று வயதிலேயே கையில் வயலினைக் கொடுத்துவிட்டார்கள்.

கேள்வி: லார்க் அன் சியல் விசுவல் கெய்யா இல்லையா? வகுப்பில் பெரிய சண்டை.
— பெயர் வேண்டாம், மூதூர்

பதில்: அந்தப் பட்டம் வேண்டாம் என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். 2012 இல் நியூயோர்க் மடிசன் ஸ்குவயர் கார்டனில் தலைமை நிகழ்ச்சி நடத்திய முதல் ஜப்பான் குழு அவர்கள். சண்டையை அதைப் பற்றிப் பிடியுங்கள்.

கேள்வி: எங்கள் குழு முகப்பூச்சு, தூக்கிச் சீவிய முடியோடு நிலாவெளியில் வாசிக்கப்போகிறது. உங்கள் ஆலோசனை?
— நான்கு பேர், அலஸ்தோட்டம்

பதில்: கச்சான் காற்றில் பூச்சும் நிற்காது, முடியும் நிற்காது. பொழுதுபட்ட பிறகு ஏறுங்கள். தலையை ஆட்டுவதைக் குறையுங்கள், யோசிகிக்கு 2009 இலும் 2017 இலும் கழுத்தில் சத்திரசிகிச்சை நடந்தது. மெதுவான பாட்டு ஒன்றாவது இருக்கட்டும், இல்லாவிட்டால் வேகத்துக்கு மதிப்பில்லை. சவுண்ட் நான் தருகிறேன். உப்புக்காற்றுக்கு பொக்ஸ் கெட்டுப்போகும், அதனால் முற்பணம் கட்டாயம்.