இரைச்சல் மிக்க விடுதியில் படிக்க எந்த ஹெட்போன்? தில்லித் தமிழ் மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பழைய ராஜேந்தர் நகரிலும் முகர்ஜி நகரிலும் பல்கலைக்கழக விடுதிகளிலும் தங்கிப் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்ட கேள்விகளுக்குக் கீழே பதில் எழுதியிருக்கிறேன். தில்லியில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை செய்கிறேன். அதற்கு முன் இரண்டு ஆண்டுகள் ப்ளைவுட் தடுப்பு வைத்த அறையில் குடிமைப் பணித் தேர்வுக்குப் படித்தவன் என்பதால் உங்கள் சிரமம் எனக்குப் புதிதல்ல.

கேள்வி: அண்ணா, ஓர் அறையில் மூன்று பேர் இருக்கிறோம். என்னால் 1,500 ரூபாய்தான் செலவிட முடியும். என்ன வாங்கலாம்?

பதில்: கடைக்குப் போகும் முன், படிக்கும் நேரத்தில் ஒரு மணி நேரம் கவனித்து, உங்கள் கவனத்தைக் கலைக்கும் சத்தங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கூலர், எக்ஸாஸ்ட் விசிறி, ஜெனரேட்டர் போன்றவை ஒரே சீராக இரையும் தாழ்ந்த சத்தங்கள். அறை நண்பரின் தொலைபேசிப் பேச்சு, கதவு அடிபடுவது, பாத்திரம் விழுவது ஆகியவை திடீரென்று எழுந்து அடங்குபவை. இரண்டுக்கும் மருந்து வேறு. பெரும்பாலான அறைகளில் படிப்பைக் கெடுப்பது இரண்டாவது வகைதான். அதை மின்னணுச் சுற்றைவிடக் காதை இறுக மூடும் ரப்பரும் பஞ்சும் நன்றாகத் தடுக்கின்றன.

ஆகவே 1,500 ரூபாயில் என் தேர்வு, காதுக்குள் பொருந்தும் கம்பி இயர்போன் ஒன்றும் சில ஜோடி ஃபோம் இயர்பிளக்குகளும். கேஇசட் போன்ற நிறுவனங்களின் தொடக்க நிலை இயர்போன்கள் இந்தத் தொகைக்குள் அடங்கும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு ரப்பர் முனைகள் வரும்; பலர் முதலில் மாட்டியிருப்பதையே கடைசிவரை வைத்துக்கொண்டு, சத்தம் உள்ளே வருகிறது என்று குறைப்படுகிறார்கள். மூன்றையும் மாற்றிப் பாருங்கள். இரு காதுக்கும் ஒரே அளவுதான் பொருந்தும் என்பதும் இல்லை.

கேள்வி: 1,200 ரூபாய்க்கு ஒரு வயர்லெஸ் இயர்பட்ஸ் கிடைக்கிறது. பெட்டியில் “இஎன்சி” என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. அது இரைச்சலை நீக்குமா?

பதில்: உங்களுக்காக நீக்காது. இஎன்சி என்பது நீங்கள் போனில் பேசும்போது உங்கள் மைக்கில் நுழையும் சுற்றுப்புற இரைச்சலைக் குறைத்து, எதிர்முனையில் கேட்பவருக்கு உங்கள் குரலைத் தெளிவாக்கும் வசதி. உங்கள் காதில் விழும் சத்தம் அப்படியே இருக்கும். இந்த மூன்று எழுத்தை நம்பிப் பணத்தை விட்ட மாணவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

நீங்கள் தேடுவது ஏஎன்சி. அதில் வெளியே உள்ள மைக் சத்தத்தைப் பிடிக்க, அதற்கு நேர் எதிரான அலையைக் கருவி உங்கள் காதில் ஒலிக்கச் செய்து இரண்டையும் ஒன்றையொன்று அழிக்க வைக்கிறது. 100 ஹெர்ட்ஸ் இரைச்சலின் அலைநீளம் ஏறத்தாழ 3.4 மீட்டர்; அவ்வளவு நீண்ட அலைக்கு எதிரலையைப் பொருத்துவது எளிது. 3,000 ஹெர்ட்ஸில் அலைநீளம் 11 சென்டிமீட்டருக்குச் சுருங்கிவிடுவதால், கணக்கில் நூலளவு பிசகினாலும் அழிப்பு நடக்காது. இந்தக் கருவியின் வரலாறும் இதையே சொல்கிறது: போஸ் ஒலிக்கருவி நிறுவனத்தை நிறுவிய அமர் போஸுக்கு இந்த எண்ணம் தோன்றியது 1978இல், ஜூரிக்கிலிருந்து பாஸ்டனுக்குப் பறந்த விமானத்தின் இரைச்சலுக்கு நடுவே. விமான எஞ்சினுக்கும் உங்கள் கூலருக்கும் அது பொருந்தும். பக்கத்துக் கட்டிலில் நடக்கும் பேச்சுக்கு அரைகுறையாகத்தான் பொருந்தும்.

கூலர் இரைச்சலே உங்கள் பெருந்தொல்லை என்றால், சேர்த்து வைத்து சோனி டபிள்யூஹெச்-சிஹெச்720என் போன்ற ஒன்றை வாங்குங்கள். எடை 192 கிராம்தான்; ஏஎன்சி ஓடும்போதும் 35 மணி நேரம் தாங்கும் என்று நிறுவனம் சொல்கிறது. விலை மாணவருக்குச் சுமைதான் என்பதால், இது முதல் செலவாக இருக்கக் கூடாது.

கேள்வி: என் அறை நண்பர்கள் பேசும் இந்தி எனக்குப் பாதிகூடப் புரிவதில்லை. இருந்தும் மனம் அந்தப் பேச்சின் பின்னாலேயே போகிறது. இது என் குறையா?

பதில்: உங்கள் குறையே இல்லை. கோலே, வெல்ஷ் என்ற ஆய்வாளர்கள் 1976இல் வெளியிட்ட சோதனையில், திரையில் வரும் எழுத்துகளை வரிசை மாறாமல் நினைவில் வைக்கும்படி மாணவர்களிடம் சொல்லிவிட்டு, பின்னணியில் அவர்களுக்குத் தெரியாத ஜெர்மன் மொழிப் பேச்சை ஒலிக்கவிட்டார்கள். புரியாத அந்தப் பேச்சே அவர்கள் நினைவைக் குலைத்தது. ஏறி இறங்கி மாறிக்கொண்டே இருக்கும் ஒலி, பொருள் விளங்காவிட்டாலும் மனத்துக்குள் நாம் வரிசைப்படுத்துவதைக் கலைத்துவிடுகிறது.

பேச்சை மறைக்கப் பாட்டு போட்டுக்கொள்ளலாமா என்று இன்னொருவர் கேட்டிருந்தார். வரிகள் உள்ள பாட்டு, அதுவும் நமக்குத் தாய்மொழியில் மனப்பாடமான பாட்டு, வாசிப்புக்குப் பகை. அதற்குப் பதில் மழைச் சத்தம், மின்விசிறிச் சத்தம் அல்லது பிங்க் நாய்ஸ் எனப்படும் சீரான ஒலியைத் தாழ்ந்த அளவில் வையுங்கள். காதை நன்கு மூடும் இயர்போனில் அந்த மெல்லிய ஒலியே பக்கத்துப் பேச்சின் மேடுபள்ளங்களை நிரப்பிவிடும். இவற்றைப் பதிவிறக்கி வைத்துக்கொண்டு போனின் இணையத்தை அணைத்துவிடுவது இன்னும் நல்லது.

கேள்வி: இயர்பிளக் வாங்கினேன். 29 டெசிபல் குறைக்கும் என்று போட்டிருக்கிறது. ஆனால் எல்லாமே கேட்கிறது.

பதில்: 3எம் 1100 போன்ற ஃபோம் பிளக்குகளின் என்ஆர்ஆர், அதாவது இரைச்சலைக் குறைக்கும் அளவின் மதிப்பு, 29 என்பது ஆய்வுக்கூடக் கணக்கு. நடைமுறைக்கு அதிலிருந்து 7 கழித்துப் பாதியாக்கச் சொல்வார்கள். அப்படிப் பார்த்தால் 11 டெசிபல்தான் எஞ்சும். சரியாகப் பொருத்தினால் இதைவிட அதிகம் பெறலாம். பிளக்கை விரல்களால் உருட்டி மெல்லிய திரியைப் போல ஆக்குங்கள். எதிர்க் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல்நுனியை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடியுங்கள். உள்ளே செலுத்தி அது விரிந்து முடியும்வரை அரை நிமிடம் விரலால் தாங்குங்கள். உங்கள் குரலே உங்களுக்குப் பானைக்குள் பேசுவதுபோல் கேட்டால் சரியாக அமர்ந்திருக்கிறது என்று பொருள். அழுக்கான பிளக்கை மறுபடி காதில் வைக்காதீர்கள். காது வலியோ சீழோ இருந்தால் எதையும் செருகாமல் மருத்துவரைப் பாருங்கள்.

கேள்வி: கண்ணாடி அணிபவள் நான். காதை முழுதும் மூடும் ஹெட்போன் வாங்கலாமா, அக்னி நட்சத்திரம் போன்ற இந்தத் தில்லி வெயிலில்?

பதில்: கண்ணாடிக் கம்பி, காதைச் சுற்றி அமரும் ஹெட்போன் மெத்தையைத் தூக்கிவிடுவதால் அந்த இடுக்கில் சத்தம் நுழையும். மே, ஜூனில் மெத்தைக்குள் வியர்வையும் சேரும். உங்களுக்குக் காதுக்குள் பொருந்துவதே ஏற்றது. சனவரிக் குளிரில் பெரிய ஹெட்போன் இதமாக இருக்கும் என்பது வேறு கதை. காதின்மேல் அழுந்தி உட்காரும் சிறு மெத்தை வகையையும், பின்பக்கம் திறந்த வகையையும் விடுதிக்கு யாருமே வாங்க வேண்டாம்.

கேள்வி: பாலிகா பஜாரில் பாதி விலைக்குக் கிடைக்கிறதே?

பதில்: கிடைக்கும், பெயர் மட்டும் அசலாக இருக்கும். பாலிகா பஜார், கஃபார் மார்க்கெட் எங்கே வாங்கினாலும் ரசீது கேளுங்கள். வயர்லெஸ் கருவி என்றால் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முத்திரையோடு ‘ஆர்’ எழுத்தில் தொடங்கும் பதிவு எண் இருக்க வேண்டும். அதை அவர்களுடைய பிஐஎஸ் கேர் செயலியில் சரிபார்க்கலாம்.

கேள்வி: ஒரு நாளில் பத்து மணி நேரம் மாட்டியிருக்கிறேன். காது கெட்டுவிடுமா?

பதில்: எத்தனை மணி நேரம் என்பதோடு எவ்வளவு சத்தம் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு வாரத்தில் 40 மணி நேரம் 80 டெசிபல் வரை என்று எல்லை வைக்கிறது. ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் அந்த நேரம் பாதியாகக் குறைவதால், 90 டெசிபலில் வாரத்துக்கு 4 மணி நேரம்தான். வெளியிரைச்சலை வெல்வதற்காகவே நாம் ஒலியைக் கூட்டுகிறோம். காதை நன்றாக மூடும் கருவி இருந்தால் அந்தத் தேவையே எழாது. இயர்போனைக் கழற்றியபின் காதில் ‘கொய்ங்’ என்று ரீங்காரம் கேட்டால் அன்றைக்கு அதை மீண்டும் தொடாதீர்கள்.

கேள்வி: இரவிலும் போட்டுக்கொண்டு தூங்கலாமா?

பதில்: தூக்கத்துக்கு ஃபோம் பிளக் போதும், எழுப்புவதற்கு அதிர்வு அலாரம் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஒன்றை மன்றாடிக் கேட்கிறேன். 2023 ஜூனில் முகர்ஜி நகரில் ஒரு பயிற்சி மையம் தீப்பற்றியபோது மாணவர்கள் சன்னல் வழியே கயிற்றில் இறங்கினார்கள். காதை அடைத்துத் தூங்குகிறவர், அடைக்காமல் தூங்கும் அறை நண்பர் ஒருவரிடம், ஆபத்து என்றால் என்னைத் தொட்டு எழுப்பு என்று முன்கூட்டியே சொல்லி வைத்திருக்க வேண்டும்.